மைக் செட் விற்பனையும் உன் அப்பாவின் உடல்நலமும்

அன்பு மருமகன் ஹவில்தார் பாண்டிச்செல்வத்துக்கு, கூமாப்பட்டியிலிருந்து தாய்மாமன் சிவனாண்டி ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். எல்லோரும் என்பதில் உன் அப்பாவும் சேர்த்தி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலு நாளாக நீ என் போனை எடுக்காததால் காகிதத்தில் எழுத வேண்டியதாயிற்று.

நடந்தது இதுதான். முழங்கால் போய்விட்டது, இனி மரமேறி ஸ்பீக்கர் குழாய் கட்ட என்னால் ஆகாது, மைக் செட்டை விற்றுவிடுவோம் என்று வாட்ஸ்அப்பில் போட்டேன். முழுசாகவும் கொடுக்கப்படும், பார்ட் பார்ட்டாகவும் கொடுக்கப்படும் என்று எழுதியதுதான் நான் செய்த முதல் தப்பு. ஸ்ரீவில்லிபுத்தூர் கண்ணபிரான் வந்து, மார்கழிக்குப் பாசுரம் போட ஒரே ஒரு குழாய் போதும் என்றார். சுந்தரபாண்டியத்துக்காரர் ஒருவருக்கு ஸ்பீக்கர் வேண்டாமாம், பெட்டி மட்டும் வேண்டுமாம், கோழி அடைவைக்க. ராஜபாளையத்து ஹரிகிருஷ்ணன் ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் கேட்டார். அதைப் பிடுங்கிவிட்டால் மிச்சத்தை நான் யார் தலையில் கட்ட? முழுசா எடுங்க, கணீர்னு பாடும் என்றேன். "பாடட்டும், பாப்போம்" என்றார். குழாயை மொட்டை மாடியில் வைத்து சுவிட்சைப் போட்டேன். பென்டிரைவில் கிடந்தது போன மாதம் வ. புதுப்பட்டி இழவு வீட்டுக்குப் போட்ட ஒப்பாரி. நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஹரிகிருஷ்ணன் தலையாட்டிக் கேட்டதைப் பார்த்து, வியாபாரம் படிகிறது என்று சவுண்டைக் கூட்டிவிட்டேன்.

நம்ம ஊரில் குழாயில் ஒப்பாரி கேட்டால் யார் போனது என்று எவரும் விசாரிப்பதில்லை, உனக்கே தெரியும். யார் முடியாமல் கிடக்கிறார்களோ அந்த வீட்டுக்கு மாலையோடு போய்விடுவார்கள். மூன்று மாதமாகப் படுத்திருப்பது உன் அப்பா. கால் மணி நேரத்தில் உங்கள் வாசலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மாரடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். உன் அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "ஏட்டி, யாருக்குட்டி அழுதிய?" என்றிருக்கிறாள். "அண்ணனுக்குத்தான் மதினி." "அவிய உள்ள கஞ்சி குடிச்சிக்கிட்டுல்லா இருக்காவ." வரப்புத் தகராறில் ஒன்பது வருசமாகப் பேசாத கருத்தம்மாள்தான் எல்லோரையும்விடச் சத்தமாக அழுதாளாம். மச்சான், அதான் உன் அப்பா, உள்ளேயிருந்து, "அவள நிறுத்தச் சொல்லாத, செத்த நேரம் அழட்டும்" என்று சொல்லியிருக்கிறார்.

இதற்குள் எந்தப் புண்ணியவானோ உனக்குப் போன் போட்டுவிட்டான். இரண்டு வருசமாகக் கிடைக்காத லீவு ஒரு மணி நேரத்தில் கிடைத்ததாமே. பொறவு உண்மை தெரிந்ததும் அதை ரத்துசெய்துவிட்டு, என்னைக் கிறுக்கன் என்று ஏசினாய். ஏசு, நான் ஏச்சு வாங்க வேண்டியவன்தான். மெய்யாத்தான் சொல்றேன் மருமகனே, எனக்கு அம்புட்டு வருத்தமா இருக்கு.

ஆகவே நீ வர வேண்டிய அவசியம் இல்லை. அப்பா தேறி வருகிறார். ஹரிகிருஷ்ணன் வெள்ளிக்கிழமை வேன் கொண்டுவந்து செட்டைப் பிரித்து எடுத்துப் போவார். உனக்கும் உன் கூட நிற்கிற பிள்ளைகளுக்கும் மாரியம்மன் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் ஏச்சுக்கு உரிய மாமன்
சிவனாண்டி

பின்குறிப்பு: கிழித்துவிட்டு வேறு எழுத நேரமில்லை, போஸ்ட் ஆபீஸ் மூடிவிடும். மேலே உள்ளதை மச்சானிடம் வாசித்துக் காட்டினேன். "தேறி வாரேன்னா எழுதின மாப்ளே?" என்று சிரித்தார், சிரிப்பு இருமலாகி நிற்க வெகு நேரமாயிற்று. பொறவு சொன்னார், "செத்துட்டேன்னதும் கெளம்பினவன், உசுரோட இருக்கேன்னதும் நின்னுக்கிட்டான் பாத்தியா." அன்றைக்குக் குடித்த கஞ்சிதான் கடைசி, நாலு நாளாகத் தண்ணீர்தான் இறங்குகிறது. டாக்டர் வீட்டிலேயே வைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டார். ஹரிகிருஷ்ணனை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ பஸ்ஸை விட்டு இறங்கும்போது கல்யாண வீட்டுப் பாட்டுப் போட வேண்டும் என்று மச்சான் கேட்டார், அதனால் இந்த முழங்காலோடு வேப்பமரத்தில் ஏறிக் குழாயைக் கட்டிவிட்டேன். பென்டிரைவில் இரண்டு பாட்டும் இருக்கிறது. எதைப் போடுவது என்பது நீ என்றைக்கு வருகிறாய் என்பதைப் பொறுத்தது.