இரண்டாம் நம்பர் தட்டு

சமையலறை ஜன்னலைப் பரிசோதகர் மறுபடியும் அறைந்து சாத்தியபோது கண்ணாடியில் ஒரு மூலை பெயர்ந்து விழுந்தது. வெளியே பால்கனியில் நின்ற மாமனார், அந்தச் சத்தத்துக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாதவர் மாதிரி புகையை ஊதினார். புகை, புதிதாகக் கிடைத்த ஓட்டை வழியாக நேரே உள்ளே வந்தது. தொட்டிலில் குழந்தை இருமியது.

“பாத்தீங்களா மாமா, பாத்தீங்களா?”

“கண்ணாடியை உடைச்சது நான் இல்லையே மாப்பிள்ளை.”

பரிசோதகர் ஒரு பால் பண்ணையின் பரிசோதனைக்கூடத்துக்குத் தலைவர். பாலில் என்ன கிருமி இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று வளர்த்துப் பார்த்துச் சொல்வது அவர் தொழில். அவர் கையெழுத்துப் போட்டால்தான் பால் வண்டி வாசலைத் தாண்டும். அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. கோபம் சிலருக்கு மூக்கு நுனியில் இருக்கும். இவருக்கு மூக்கே கோபத்தால் செய்தது. சத்தம் போடாமல் ஒரு நாளும் அவர் வேலையை முடித்ததில்லை. சத்தம் போட்டால்தான் நாலு பேர் ஒழுங்காக வேலை பார்ப்பார்கள் என்று உறுதியாக நம்பினார்.

மாமனார் காப்பீட்டு நிறுவனத்தில் விசாரணை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கடை தானாகத் தீப்பிடித்ததா, முதலாளி பற்றவைத்தாரா என்று தோண்டித் துருவியே காலம் போயிற்று. யார் என்ன சொன்னாலும் நம்பாமல் இருப்பதற்காகவே சம்பளம் வாங்கிய மனிதர். மகள் வீட்டோடு வந்து தங்கிய பிறகு சம்பளம் நின்றுவிட்டது, பழக்கம் நிற்கவில்லை.

குழந்தைக்கு ஒன்றரை வயது. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் விசில் மாதிரி ஒரு சத்தம். வீட்டில் புகையே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பால்கனி வீட்டில் சேர்த்தி இல்லை என்று மாமனார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அன்று காலை பரிசோதகரின் கையில் புதிய ஆயுதம் ஒன்று இருந்தது. சிகரெட்டுக்குள் இருக்கும் புகையிலையிலேயே விதவிதமான பாக்டீரியா இருப்பதாக எங்கோ ஆய்வு செய்திருக்கிறார்கள் என்று கைபேசியில் படித்திருந்தார். தார், நிகோடின் என்று இதுவரை கத்தியதெல்லாம் அடுத்தவர் துறை. கிருமி அவருடைய சொந்தப் பேட்டை.

“நல்லாக் கேட்டுக்கோங்க. நீங்க வாயில வைக்கறது கிருமிக் கூடு.”

மாமனார் சாம்பலைத் தட்டினார். “இந்த ஆய்வுக்குக் காசு குடுத்தது யாரு?”

“அது எதுக்கு உங்களுக்கு?”

“முதல் கேள்வியே அதான். அடுத்தது, யார் சரிபார்த்தா? அப்புறம், கிருமி இருந்தாத்தான் என்ன? தயிர்லகூட இருக்கு. இந்த வீட்டு வாடகையே கிருமி புண்ணியத்துல வருது. அதைப் போய்த் திட்டறீங்களே.”

பரிசோதகருக்குக் காது மடல் சிவந்தது. சிகரெட் கம்பெனிகள் ஒரு காலத்தில் தங்களுக்குச் சாதகமாகப் பேசும் ஆய்வுகளுக்குக் காசை வாரி இறைத்ததையும், வெள்ளைக் கோட்டு டாக்டர்களின் படத்தைப் போட்டு விளம்பரம் செய்ததையும் புட்டுப் புட்டு வைத்தார். அப்படிப்பட்ட அயோக்கியர்களுக்கா நீங்கள் வக்காலத்து வாங்குகிறீர்கள் என்று கேட்டார். மாமனார் கண்ணை மூடி முழுவதையும் ரசித்துக் கேட்டார்.

“ஆக, ஆய்வை விலைக்கு வாங்கலாம்னு நீங்களே ஒத்துக்கறீங்க. அன்னைக்கு வாங்கினான். இன்னைக்கு இன்னொருத்தன் வாங்கியிருக்க மாட்டானா? வேற ஏதாவது இருக்கா மாப்பிள்ளை?”

அசந்து தூங்கிய குழந்தை, பரிசோதகர் போட்ட சத்தத்தில் வீறிட்டு எழுந்தது. மனைவி ஓடிவந்து அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு இருவரையும் பார்த்தாள்.

“அப்பா புகை இவளை இருமத்தான் வைக்குது. நீங்க அழவே வைக்கறீங்க. ரெண்டு பேருமே வெளிய போங்க.”

நடுநிலையான ஒருவர் சொன்னால் கேட்பார் என்று, மறுநாள் மாலை மாமனாரைக் குழந்தையின் டாக்டரிடமே அழைத்துப் போனார் பரிசோதகர். டாக்டர் நுரையீரல் படத்தைச் சுவரில் காட்டி உருக்கமாகப் பேசினார். மாமனார் ஒன்றுக்கும் மறுபேச்சுப் பேசவில்லை. பரிசோதகருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மருந்து வாங்கிக்கொண்டு திரும்பியவர் மாமனாரைக் காணாமல் தேடி, கடைசியில் கிளினிக்கின் பின்பக்கச் சந்தில் கண்டுபிடித்தார். மாமனார் லைட்டரை நீட்டிக்கொண்டிருந்தார். டாக்டர் குனிந்து பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

பரிசோதகர் அந்தச் சந்தில் கத்திய கத்தலுக்கு மாடி ஜன்னல்கள் திறந்தன. காலையிலிருந்து ஓயாத கூட்டம், அதனால்தான் என்று டாக்டர் என்னவோ முனகிவிட்டு உள்ளே போய்விட்டார்.

“நல்ல மனுஷன்,” என்றார் மாமனார், திரும்பி வரும் வழியில். “ஆனா தான் சொல்றதைத் தானே நம்பாதவரை நான் எப்படி மாப்பிள்ளை நம்பறது?”

அதிலிருந்து அவர் புகைப்பதில் ஒரு தெம்பு கூடிவிட்டது. யாராவது முகம் சுளித்தால், வைத்தியரோடு சேர்ந்து புகைத்தவன் என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்தார். குழந்தையின் நெஞ்சு விசில் அடுத்த அறைக்குக் கேட்டது. பரிசோதகர் வெடித்துவிட்டார்.

“சரி. எவன் ஆய்வும் வேண்டாம். என் லேப்ல, என் கையால, உங்க சிகரெட்டை நானே பரிசோதிக்கறேன். எவனும் காசு குடுக்கல. வந்தா நம்புவீங்களா?”

மாமனாரின் கண்ணில் பழைய உத்தியோகக் களை வந்துவிட்டது. நிபந்தனைகளை அடுக்கினார். பஞ்சுக் குச்சிகளால் மூன்று பொருள்களைத் துடைத்து, மூன்று குப்பிகளில் போட்டு, நம்பர் ஒட்டி அவரே தருவார். ஒன்று சிகரெட் புகையிலை. மற்ற இரண்டும் என்னவென்று சொல்ல மாட்டார். மூன்றில் எது சிகரெட்டோ அதில் கிருமி கூடுதலாக வளர்ந்தால் அன்றோடு விட்டுவிடுவார். வளராவிட்டால் அவருடைய நாற்காலி பால்கனியிலிருந்து ஹாலுக்கு வரும். மாப்பிள்ளை ஆயுசுக்கும் வாய் திறக்கக் கூடாது.

“அதெல்லாம் இருக்கட்டும். உங்க ஆளுங்க ரிசல்ட்டை மாத்த மாட்டாங்கன்னு என்ன நிச்சயம்?”

“என் லேப்ல ஒரு ரிசல்ட்கூட மாறினது கிடையாது. மாத்தறவன் கையை ஒடிச்சுடுவேன்.”

“என் குழந்தையோட மூச்சை வச்சு ரெண்டு பேரும் பந்தயம் கட்டறீங்களா?” என்றாள் மனைவி. நியாயமான கேள்வி. இரண்டு பேரும் கை குலுக்கிக்கொண்டிருந்ததால் பதில் சொல்லவில்லை.

வெளிப்பொருள் எதையும் பரிசோதனைக்கூடத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தது. ஒட்டியவர் பரிசோதகர்தான். குப்பிகளோடு உள்ளே நுழைந்தவர், அந்த அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிட்டுத் தன்னைப் பார்த்த உதவிப் பரிசோதகர் அம்மா மீது எரிந்து விழுந்தார்.

அந்த அம்மா பேசவில்லை. அவர் எப்போதுமே பேசுவதில்லை. தட்டுகளைக் கிருமி வளர்க்கும் வெதுவெதுப்பான பெட்டியில் வைப்பது, எடுப்பது, எண்ணிச் சொல்வது எல்லாம் பல வருடமாக அவர் கையால்தான். பரிசோதகர் கையெழுத்துப் போடுவார், நடுநடுவே கத்துவார்.

இரண்டாம் நம்பர் குப்பியில் இருந்த பஞ்சு பழுப்பேறி, மூடியைத் திறந்ததுமே புகையிலை நெடி அடித்தது. எது எதுவென்று தெரியாமல் செய்வதாகத்தான் ஒப்பந்தம். கண்ணும் மூக்கும் இருக்கிறவன் என்ன செய்வான் என்று பரிசோதகர் தன்னைத் தானே மன்னித்துக்கொண்டார். மூன்றையும் மூன்று கண்ணாடித் தட்டுகளில் தடவி அந்த அம்மாவிடம் கொடுத்தார்.

“ரெண்டாம் நம்பரை நல்லாப் பாத்துக்கோங்க. அதுலதான் நிறைய வரும். வரணும். இது என் மானப் பிரச்சினை. ஏதாவது கோளாறு ஆச்சு, நான் மனுஷனா இருக்க மாட்டேன்.”

அந்த அம்மா, இதில் புதிதாக என்ன இருக்கிறது என்பது போலத் தலையை ஆட்டினார். தட்டுகள் பெட்டிக்குள் போன பிறகும் பரிசோதகர் அடங்கவில்லை. கதவு கிரீச்சிட்டதற்குக் கத்தினார். யாரோ தும்மியதற்குக் கத்தினார். மேலாளர் தொலைபேசியில் அழைத்து என்ன பிரச்சினை என்று கேட்டதற்கு, பிரச்சினையே இல்லை என்று கத்தினார்.

முடிவு தெரிகிற நாளில் அந்த அம்மா, ஓரம் சுற்றிலும் டேப் ஒட்டிய தட்டுகளை ஓர் அட்டைப்பெட்டியில் வைத்துக் கையில் கொடுத்தார். பரிசோதகர் திறந்து பார்த்தார். ஒன்றிலும் மூன்றிலும் அங்கங்கே சில புள்ளிகள். இரண்டாம் நம்பரில் இடமே இல்லை. மஞ்சளும் சாம்பலுமாக, வழுவழுப்பாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு, மூடியைத் தொடுகிற அளவுக்கு வளர்ந்து கிடந்தது. இத்தனை வருட அனுபவத்தில் அவருக்கே குமட்டியது. சந்தோஷமாகக் குமட்டியது.

வீட்டில் மேசை மேல் மூன்றையும் வரிசையாக வைத்து, இரண்டாம் நம்பரை விரலால் தட்டினார். “இதான் உங்க சிகரெட்.”

மாமனார் பூதக்கண்ணாடியை எடுத்து வந்தார். யார் பெட்டியில் வைத்தது, யார் எடுத்தது, நடுவில் யாராவது தொட்டார்களா என்று கேட்டார். பரிசோதகர் ஒவ்வொரு பதிலையும் மேசையைக் குத்திச் சொன்னார். தட்டுகள் குதித்தன. மாமனார் மூன்று தட்டுகளையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒன்றாம் நம்பர் மாப்பிள்ளையின் கைபேசி என்றும், மூன்றாம் நம்பர் தன்னுடைய பல்செட் என்றும் சொன்னார். இரண்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்த சிகரெட் பெட்டியை எடுத்து அப்படியே கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டார்.

“நம்பிட்டீங்களாப்பா?” மகளுக்கே நம்ப முடியவில்லை.

“தட்டைப் பாத்து இல்லம்மா. தட்டை யார் வேணா மாத்தலாம். உன் புருஷனைப் பாத்து நம்பினேன். என் முன்னாடி பொய் சொன்னவன் எல்லாம் அமைதியா, அடக்கமாத்தான் சொன்னான். இவ்வளவு கோபப்படறவர் வாய்ல பொய் வராது. இவர் இருக்கற இடத்துல ரிசல்ட்டை மாத்த எவனுக்குத் தைரியம் வரும்?”

பரிசோதகர், மேசையைக் குத்திய கையை மெல்ல எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தன் கோபத்தை ஒருவர் பாராட்டி அவர் கேட்டதே இல்லை.

மாமனார் சொன்ன சொல் தவறவில்லை. முதலில் கொஞ்ச நாள் மனிதர் பார்க்கிறவர்களையெல்லாம் கடித்துக் குதறினார். பிறகு அடங்கினார். குழந்தையின் நெஞ்சு விசில் மெல்லக் குறைந்து ஒரு நாள் கேட்காமலே போயிற்று. மனைவி தொட்டிலருகே குனிந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, புருஷனின் தோளில் சாய்ந்துகொண்டாள். அன்றைக்குப் பரிசோதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

புதுச் சிக்கல் மாமனாரின் உற்சாகத்தால் வந்தது. தெருமுனைப் பெட்டிக்கடையில் சிகரெட் வாங்குகிறவர்களை மறித்து, தட்டின் படத்தைக் காட்ட ஆரம்பித்தார். அவர்கள் சும்மா விடுவார்களா? இதற்குக் காசு கொடுத்தது யார், சரிபார்த்தது யார் என்று அவரையே கேட்டார்கள். மாமனார் கொதித்துப் போனார். இன்னொரு தடவை செய்யுங்கள், அவன்களுடைய சிகரெட்டையே வாங்கித் தருகிறேன், முகத்தில் அடித்த மாதிரி காட்டலாம் என்று மருமகனிடம் ஒற்றைக்காலில் நின்றார்.

மறுநாள் பரிசோதகர், அந்தச் சிகரெட்டுகளைத் துடைத்த பஞ்சுக் குச்சிகளோடு பரிசோதனைக்கூடத்துக்குள் நுழைந்தபோது முகத்தில் சிரிப்பு இருந்தது. கதவு கிரீச்சிட்டது, பேசாமல் சாத்தினார். உதவிப் பரிசோதகர் அருகில் போய், குழந்தை நன்றாக இருக்கிறாள் என்றும், அதற்குப் பாதிக் காரணம் நீங்கள்தான் என்றும் சொன்னார். போன தடவை மாதிரியே இதையும் கொஞ்சம் வளர்த்துக் கொடுக்க முடியுமா என்று தணிந்த குரலில் கேட்டார்.

அந்த அம்மா எழுந்து நின்றார். பரிசோதகரின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“இன்னைக்கு நீங்க அமைதியா இருக்கீங்க, அதனால சொல்லிடறேன் சார். போன தடவை அந்த மூணு தட்டும் நீங்க குடுத்த அன்னைக்கே என் கை நழுவி உடைஞ்சு போச்சு. உங்ககிட்டச் சொல்ல பயந்துட்டேன். நம்ம தரையோட வடிகால்ல சுத்தம் பாக்க வாராவாரம் துடைச்சு எடுத்து வளர்ப்போமில்ல, அந்தத் தட்டைத்தான் ரெண்டாம் நம்பர் போட்டுக் குடுத்தேன். மத்த ரெண்டும் பழைய பால் தட்டு.”

பரிசோதகர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. வெளியே பால் வண்டிகள் கையெழுத்துக்காக வரிசையில் நின்று ஹாரன் அடித்தன.

“நம்ம லேப்ல ரிசல்ட் மாறினதே கிடையாதேம்மா,” என்றார் மெதுவாக.

அந்த அம்மா நேர்மையாக யோசித்துப் பார்த்தார்.

“கிடையாது சார். நீங்க கத்தாத நாள்ல ஒரு தடவைகூட மாறினதில்லை.”