நிலுவையில் உள்ள வெற்றிகள்

உலகத்தின் காந்தப் பஞ்சத்தைத் தீர்த்துவைத்த பெருமை, நாகர்கோவிலுக்கு அருகே உள்ள ஒரு கல்லூரியின் வேதியியல் துறையையே சாரும். உலோகத்தையும் கரிம மூலக்கூறுகளையும் கோத்துப் புதுக் காந்தம் ஒன்று செய்ய மற்ற நாட்டு விஞ்ஞானிகள் வருடக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, துறைத்தலைவர் யேசுரத்தினம் கணினிக்கு 'இயந்திரக் கற்றல்' புகட்டி, ஒரே முற்பகலில் நாலாயிரம் காந்தங்களைக் 'கண்டுபிடித்தார்'. மத்தியானம் எல்லாருக்கும் ரசவடை வழங்கப்பட்டது.

மிச்சம் சில்லறை வேலைதான்: அவற்றைச் செய்துபார்ப்பது. அது கோட்டாற்றிலிருந்து வரும் ஆராய்ச்சி மாணவி சுல்ஃபியாவின் தலையில் விழுந்தது. ஒரு காந்தமாவது கைக்கு வந்தால்தான் ஆய்வேட்டில் தலைவரின் கையெழுத்து. கையெழுத்து இருந்தால்தான் டாக்டர் பட்டம். பாவம், கணினி சொன்னபடியெல்லாம் கலக்கிக் காய்ச்சினாள். ஒரு பொடியும் காந்தத்துண்டில் ஒட்டவில்லை.

"எதைக் கேட்டாலும் மெஷின் காந்தம்னுதான் சார் சொல்லுது. நேத்து மரச்சீனிக் கிழங்கையும் உப்பையும் குடுத்துப் பாத்தேன். அதுவும் காந்தமாம்."

"நம்ம மண்ணுக்க மகிமை பிள்ளே அது," என்றார் தலைவர், கண் கலங்க.

"ஜெயிச்சதை மட்டுந்தானே சார் அதுக்குப் படிச்சுக் குடுத்திருக்கோம். ஒட்டாததையும் சொன்னாத்தான் வித்தியாசம் தெரியும். நாம தோத்ததையும் குடுக்கட்டா?"

"நம்ம டிபார்ட்மென்டுல தோத்தது ஏது?"

சுல்ஃபியா அலமாரி நிறைய நின்ற புட்டிகளைக் காட்டினாள்.

"அதெல்லாம் 'நிலுவையில் உள்ள வெற்றி', கேட்டியா," என்று திருத்தினார். துறைக்கூட்டத் தீர்மானமே அப்படித்தான் இருந்தது.

அவளுக்குப் பொறுமை போய்விட்டது. யாரையும் கேளாமல், ஒட்டாத பொடிகளின் கதை அத்தனையையும் கணினிக்கு ஒப்பித்தாள். அது நாலாயிரத்தில் ஒன்றே ஒன்றைத் தவிர மற்றதற்கெல்லாம் 'இல்லை' என்றது. அந்த ஒன்றைக் காய்ச்சி, நன்றாகக் குளிரவைத்து, காந்தத்துண்டைப் பக்கத்தில் கொண்டுபோனாள். பொடி துள்ளிப்போய் ஒட்டிக்கொண்டது. சந்தோஷத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. செருப்பைக்கூட மாட்டாமல், புட்டியும் கையுமாகத் தலைவர் அறைக்கு ஓடினாள்.

தலைவர் புட்டியைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார்.

"நேத்துவரைக்கும் நாலாயிரம். இன்னைக்கு ஒண்ணு. அப்போ மிச்சம்?"

"மிச்சம் இல்ல சார்."

அறிவியலுக்கே உரிய நேர்மையுடன் துறைக்குழு உடனே கூடியது. 'துறைக்குச் சொந்தமான மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது காந்தங்களைத் தொலைத்தமைக்கு' அவளிடம் விளக்கம் கோரியது. விளக்கம் திருப்தியளிக்கும்வரை ஆய்வேட்டுக் கையெழுத்து நிறுத்திவைக்கப்பட்டது.

சுல்ஃபியா குழுவின் முன் எழுந்து நின்றாள்.

"தேடித் தாறேன் சார். அதுகளைக் கடைசியாக் கண்டது ஆருன்னு மட்டும் சொல்லுங்க."