வெண்கட்டியாரும் ஒரு புளியங்கொட்டையும்

திருகோணமலையில் கடவுளைத் தவிர மற்ற எல்லோரையும் சோதனை போட்ட மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் எங்கள் குறுகலான ஒழுங்கையில் குடியிருந்த வெண்கட்டியார்தான். கடவுள் தப்பியதற்குக் காரணம், குருக்கள் அவரை மூலஸ்தானத்துக்குள் விடாததுதான்.

துறைமுகச் சுங்கத்தில் முப்பது வருடம் பிரயாணிகளின் பெட்டிகளைத் திறந்து பார்த்தவர். பார்த்து முடித்த பெட்டியின் மேல் வெண்கட்டியால் ஒரு கோடு இழுத்தாரென்றால், அந்தப் பெட்டி போகலாம் என்று அர்த்தம். உத்தியோகத்திலிருந்து இளைப்பாறியபோது தொப்பியையும் சீருடையையும் திருப்பி வாங்கிக்கொண்டவர்கள், சட்டைப்பையில் இருந்த வெண்கட்டியை வாங்க மறந்துவிட்டார்கள். அந்த மறதியை எங்கள் ஒழுங்கை பன்னிரண்டு வருடம் அனுபவித்தது.

உள்துறைமுகப் பக்கமிருந்து எங்கள் ஒழுங்கைக்குள் வரும் எந்தப் பையும் அவருடைய படலையைத் தாண்டிச் சும்மா போனதில்லை. கல்யாண வீட்டுப் பலகாரப் பெட்டியில் கோடு. தபால்காரரின் தோல் பையில் கோடு. கோட்டையடியில் மேயும் மான் ஒன்றின் முதுகிலும் ஒருநாள் கோடு இருந்தது. அதன் வாயைத் திறந்து பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது.

ஒழுங்கை முனையில் கடை வைத்திருந்த கிண்ணியா நானாவுக்கும் அவருக்கும் கிழமைக்கு ஒரு வழக்கு.

"நானா, இந்தச் சாக்கில என்ன?"

"வெங்காயம் ஐயா."

"வெங்காயம் எண்டு ஆர் சொன்னது?"

"வெங்காயமே சொல்லுது. மணக்குதில்லையா?"

"மணக்கிற சாமானைத்தான் மேல வைப்பினம்."

நானா சாக்கை அவிழ்த்துக் காட்டுவார். அடிவரை வெங்காயம்தான் இருக்கும். வெண்கட்டியார் கோடு போடுவார். ஆனால் அவருடைய முகம் நம்பியிருக்காது. "இந்த முறை வெங்காயம்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

அரிசி கொண்டுபோகிறவர்களை வீதிக்கு வீதி மறித்துச் சோதித்த காலம் அது. அதனால் அவரைப் பைத்தியம் என்று சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை. நாடு பிறகு தொடங்கியதை இவர் முன்கூட்டியே தொடங்கிவிட்டார் என்றுதான் பேசிக்கொண்டோம். அவருடைய மனைவி மட்டும், "கலியாணத்தண்டு தாலியைத் தட்டிப் பார்த்திட்டுத்தான் கட்டினவர்" என்று சொல்லிச் சிரிப்பார். மனைவியின் மார்க்கெட் கூடைக்கும் விலக்குக் கிடையாது.

வெயில் காலத்தில் இதெல்லாம் ஒரு வேடிக்கை. மாரி வந்தபோதுதான் எனக்கு வினை வந்தது.

எங்கள் ஊர்க்காரருக்கு வெயிலில் இருக்கத் தெரியும். வீட்டுக்குள் இருக்கத் தெரியாது. பத்து மாதம் கடற்கரையிலும் வீதியிலும் வளர்கிற பிள்ளைகளை, கார்த்திகையில் மழை ஒரே நாளில் வீட்டுக்குள் அடைத்துவிடும். பெரியவர்கள் 304 சீட்டு விளையாடி, கள்ளத்துருப்பென்று சண்டை பிடிப்பார்கள். பிள்ளைகள் முதல் நாள் கரம்பலகையில் காய் அடிப்பார்கள், இரண்டாம் நாள் தாயம் உருட்டுவார்கள், மூன்றாம் நாள் ஒருவரையொருவர் அடிப்பார்கள். நாலாம் நாள் வெண்கட்டியார் தன் விறாந்தைக் கதவைத் திறந்துவிடுவார். ஒழுங்கையின் பிள்ளைகள் எல்லாம் ஆளுக்கொரு பையோடு குடைக்குக் கீழே ஓடுவார்கள். கதவு சாத்தப்படும்.

கதவு சாத்துவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. என் மகள் சுமதிக்கு அப்போது ஒன்பது வயது, எங்களுக்கு ஒரே பிள்ளை. நான் துறைமுக அலுவலகத்தில் எழுதுவினைஞன். கடிதத்தின் பின்பக்கத்தையும் வாசித்துப் பார்க்கிற உத்தியோகம். சாத்திய கதவைப் பார்த்துவிட்டு வாசலில் சும்மா இருக்க என்னால் முடியாது.

"உள்ள என்ன செய்யிறனீங்கள்?" என்று மகளைக் கேட்டேன்.

"விளையாடுறனாங்கள் அப்பா."

"என்ன விளையாட்டு?"

"சொல்லக்கூடாது."

அடுத்த மழைக்கு நான் குடையைப் பிடித்துக்கொண்டு வெண்கட்டியாரின் யன்னலுக்குக் கீழே போய் நின்றேன். நாற்பது வயது அரசாங்க உத்தியோகத்தன், முழங்கால் வரை சேற்றில்.

உள்ளே ஒரு மேசை. அதற்குப் பின்னால் வெண்கட்டியார், காகிதத் தொப்பியோடு. முன்னால் பிள்ளைகள் வரிசையாக. விளையாட்டு இதுதான்: ஆளுக்கொரு புளியங்கொட்டை. அதுதான் கள்ளச் சாமான். அதைத் தன் பையில் எங்காவது ஒளித்துக் கொண்டுவர வேண்டும். அவர் கண்டுபிடித்தால் அந்தப் பிள்ளை மூலையில் குந்த வேண்டும். கண்டுபிடிக்காவிட்டால் அவருடைய முதுகில் கோடு போடலாம்.

என் மகளுடைய முறை வந்தது. பையில் புத்தகம், சீப்பு, பேக்கரியில் வாங்கிய கால்றாத்தல் பாண். வெண்கட்டியார் புத்தகத்தைத் தொடவில்லை. பாணையும் தொடவில்லை. மகளுடைய முகத்தைத்தான் பார்த்தார்.

"பாணைத் தோண்டி வச்சனீர். சரி. தோண்டின பாண் எங்க?"

சுமதியின் உதட்டில் பாண் தூள் ஒட்டியிருந்தது.

"ஒளிக்கிறது லேசு பிள்ளை. வெளியில எடுத்ததை எங்க வைக்கிறது? அதிலதான் எல்லாரும் பிடிபடுறது" என்றவர், தலையைத் திருப்பாமலே சொன்னார்: "யன்னலுக்குக் கீழ நிக்கிறவரும் உள்ளுக்கு வரலாம். குடையை விரிச்சபடி கொண்டு வாங்கோ, பார்க்க வேணும்."

குடையில் கோடு போட்டுத்தான் அனுப்பினார்.

எனக்கு நெஞ்சு ஆறவில்லை. ஊருக்கே தெரிந்த சுங்கக்காரர் பிள்ளைகளுக்குக் கள்ளக்கடத்தல் படிப்பிக்கிறார், தாய் தகப்பன்மார் பாண் வாங்கிக் கொடுத்து அனுப்புகிறார்கள். அதற்குப் பிறகு வீடெல்லாம் புளியங்கொட்டை. குளிக்கிற சவர்க்காரத்துக்குள் ஒன்று. செருப்பின் குதிக்குள் ஒன்று. அலுவலகத்தில் பெரியவருக்கு முன்னால் பேனா மூடியைக் கழற்றினேன், அதற்குள்ளிருந்து ஒன்று அவருடைய கோப்பின்மேல் விழுந்தது. அவர் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அன்று பின்னேரம் வீட்டில் சட்டம் போட்டேன். மழையென்றாலும் வெயிலென்றாலும் வெண்கட்டியார் வீட்டுக்குப் போகக்கூடாது.

"அந்த மனிசன் பாவம். விளையாட்டுத்தானே" என்றாள் மனைவி.

"இண்டைக்குப் புளியங்கொட்டை. நாளைக்கு?"

"நாளைக்கும் புளியங்கொட்டைதான். புளி விக்கிற விலையில வேற என்னத்தை ஒளிக்கிறது?"

நான் அசையவில்லை. சுமதி அழவில்லை. யன்னலில் இருந்து, மற்றப் பிள்ளைகள் பையோடு ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கிழமை அப்படியே போனது.

அடுத்த சனிக்கிழமை மழை கூரையைப் பிய்ப்பதுபோல் கொட்டியது. எங்கள் பின்னறைக்குத் தகரக் கூரை. மழை பெய்தால் பக்கத்தில் நிற்கிறவர் கத்தினாலும் கேட்காது. மனைவி குசினியில் சமையலில் இருந்தாள். நான் முன்னறைக் கதிரையில் பத்திரிகையை முகத்தில் போட்டபடி கண்ணயர்ந்துவிட்டேன். நாலு மணிக்குத் தேத்தண்ணி குடிக்க மகளைக் கூப்பிட்டாள் மனைவி. பதில் இல்லை. இரண்டு அறையும் பார்த்தோம். கட்டிலுக்குக் கீழே பார்த்தோம். ஆளில்லை.

நான் ஓடியது நேரே வெண்கட்டியார் வீட்டுக்குத்தான். குடையும் எடுக்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு போய், "எங்க என்ர பிள்ளை?" என்று கத்தினேன். பிள்ளைகள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

"இண்டைக்கு வரேல்லை தம்பி. ஒரு கிழமையா வரேல்லை" என்றார் அவர்.

"பொய். ஒளிச்சு வச்சு விளையாடுறியள்."

அவர் கோபிக்கவில்லை. காகிதத் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். சாவிக் கொத்தை எடுத்து, அலுமாரியைத் தானே திறந்தார். "பாருங்கோ. சேலைக்குப் பின்னாலயும் பாருங்கோ" என்றார். பிறகு பெட்டகம். பிறகு சாமியறை. ஊரையெல்லாம் சோதித்த மனிதரின் வீட்டை நான் சோதித்தேன். அவர் ஒவ்வொரு கதவாகத் திறந்து விட்டார். அவருடைய மனைவி குசினி வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்.

பிள்ளை அங்கே இல்லை.

அதற்குள் ஒழுங்கை முழுவதும் கூடிவிட்டது. நானா கடையைப் பூட்டாமலே கிணற்றடிக்கு ஓடினார். சிலர் கடற்கரைக்கு ஓடினார்கள். சிலர் வாய்க்காலில் தடி விட்டுத் துழாவினார்கள். நானும் கிணற்றுக்குத்தான் ஓடப் பார்த்தேன். வெண்கட்டியார் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"முதல்ல உங்கட வீட்டைக் காட்டுங்கோ."

"வீட்டில பார்த்தாச்சு ஐயா."

"பார்த்தது நீங்கள்" என்றார்.

எங்கள் வாசலில் குனிந்து மகளுடைய செருப்பைத் தொட்டார். குடையைத் தொட்டார். "ரெண்டும் காய்ஞ்சு கிடக்கு. பிள்ளை வெளியில போகேல்லை" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளை எந்தத் தண்ணீரில் கிடக்கிறதோ, இவர் செருப்புப் பார்க்கிறார்.

பின்னறைக்குள் வந்தார். அங்கே ஒரு தேக்குப் பெட்டி. வெள்ளைக்காரக் கடற்படை போனபோது ஏலத்தில் என் மாமனார் எடுத்தது. உள்ளே தகடு அடித்தது. மூடினால் தானாகப் பூட்டிக்கொள்ளும்.

"இதுக்குள்ள என்ன?"

"பழைய சேலையும் கம்பளியும்" என்றாள் மனைவி அழுகையோடு. "அது எப்பவும் மூடித்தான் இருக்கிறது."

அவர் பெட்டியைப் பார்க்கவில்லை. அறையைப் பார்த்தார். கட்டிலுக்குக் கீழே, சுவரோரமாக, ஒரு கம்பளியின் விளிம்பு தெரிந்தது. அதற்குப் பின்னால் மடித்தபடி சேலைகள். கொஞ்சம் முன்னர் நானே அந்தக் கட்டிலுக்குக் கீழே பார்த்தேன். பிள்ளையைத் தேடினேன், சேலையைக் கண்டேன், சேலையென்று விட்டுவிட்டேன்.

"அப்ப இது என்ன?" என்றார் வெண்கட்டியார்.

பூட்டு என் கைக்கு வரவில்லை. நகம் கிழிந்தது. அவர்தான் பெருவிரலால் எங்கோ அமத்தினார், மூடி எழும்பியது.

சுமதி முழங்காலைக் கட்டிக்கொண்டு சுருண்டு கிடந்தாள். உடம்பெல்லாம் வேர்வை, உதடு வெளுத்திருந்தது. அவர் தூக்கிக்கொண்டு போய் வாசலில், மழைச் சாரல் முகத்தில் படும்படி பிடித்தார். எவ்வளவு நேரம் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. பிறகு அவள் இருமினாள். பிறகு அழுதாள். அப்படியோர் இனிய அழுகையை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

தட்டித் தட்டிப் பார்த்தாளாம். கத்தினாளாம். தகரத்தில் அடித்த மழை எங்களைக் கேட்க விடவில்லை.

அவளுடைய வலது கை இறுகப் பொத்தியிருந்தது. வெண்கட்டியார் விரல்களை ஒவ்வொன்றாக விரித்தார். உள்ளே ஒரு புளியங்கொட்டை.

"பிடிச்சிட்டன்" என்றார் மெதுவாக. பிறகு நனைந்த தரையிலேயே இருந்துவிட்டார்.

விளையாடப் போகக்கூடாது என்று நான் தடுத்த பிள்ளை, தனியே விளையாடியிருக்கிறது. ஒளிக்க வேறு சாமான் இல்லாமல் தன்னையே ஒளித்திருக்கிறது. இதை நான் அவருக்குச் சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார். "நான் படிப்பிச்ச வேலைதான் தம்பி. என்னில பிழை" என்றார்.

மறுநாள் காலை துறப்பணத்தோடு வந்தார். தேக்குப் பெட்டியின் நாலு பக்கமும் பன்னிரண்டு ஓட்டை துளைத்தார். பூட்டைக் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். அதற்குப் பிறகு மழை வந்தும் அவருடைய விறாந்தைக் கதவு திறக்கவில்லை. நானா வெங்காயச் சாக்கோடு படலையில் நின்று பார்த்தார், ஒருவரும் வரவில்லை. "சோதிக்காத வெங்காயத்தை என்னெண்டு விக்கிறது?" என்று என்னிடம் வந்து முறையிட்டார்.

மூன்றாவது மழைக்கு நானே சுமதியின் கையில் பையைக் கொடுத்து, குடை பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். கதவைத் தட்டினேன். திறந்தவர் எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"பிள்ளையின்ர பையைப் பாருங்கோ ஐயா. எனக்கு இதில ஒரு சந்தேகம்" என்றேன்.

அவர் உள்ளே போய்க் காகிதத் தொப்பியைத் தேடினார்.

இப்போது சுமதி உயர்தர வகுப்பில் படிக்கிறாள். நான் இன்னும் தேறவில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் பெரிய பெட்டி இருந்தால் கண் அங்கேதான் போகும். மூடியைத் திறந்து மூடிவிட்டுத்தான் கதிரையில் இருப்பேன். மழை பெய்தால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். "இருக்கிறன் அப்பா" என்று அவளும் அலுக்காமல் சொல்வாள். அலுத்துத்தான் சொல்கிறாள் என்கிறாள் மனைவி.

வெண்கட்டியாரும் மனைவியும் போன வருடம் மன்னாரில் இருக்கும் தங்கள் மகளோடு இருக்கப் போய்விட்டார்கள். புகையிரத நிலையத்துக்கு வழியனுப்பப் போயிருந்தோம். அவருடைய கையில் ஒரேயொரு தகரப் பெட்டி. அதை எனக்கு முன்னால் வைத்து, பூட்டின் திறப்பை நீட்டினார்.

"பாருங்கோ தம்பி. பார்க்காமல் விடக்கூடாது."

நான் திறப்பை வாங்கவில்லை. அவருடைய சட்டைப்பையிலிருந்து வெண்கட்டியை எடுத்து, மூடியின் மேல் ஒரு கோடு போட்டேன்.