வாத்து பிடிக்க வந்த மாப்பிள்ளை

என் அன்புத் தங்கை கினுவுக்கு, தாய்ஷோஜியிலிருந்து அண்ணன் தொமெகிச்சி ஆசி சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். உன் அண்ணி இசோவுக்கு இடுப்புவலி, ஆனால் என்னைத் திட்டுவதற்கு இடுப்பு தேவையில்லை என்பதால் அந்த வேலை தடையில்லாமல் நடக்கிறது. புத்தாண்டு அரிசி உருண்டைகளைத் தின்று முடித்துவிட்டோம், யார் தொண்டையிலும் சிக்கவில்லை. கடல் காற்று இந்த வருஷம் நன்றாக அடிக்கிறது. நன்றாக என்றால் எங்களுக்கு நன்றாக, வீட்டுக்குப் புது ஓடு போட்டவர்களுக்கு அல்ல. காற்று அடித்தால் வாத்து தாழப் பறக்கும், தாழப் பறந்தால் வலைக்கு எட்டும், காற்று இல்லாவிட்டால் அது மேகத்தோடு போகும், நாங்கள் கழுத்துச் சுளுக்கோடு வீட்டுக்குப் போவோம். நீயும் உன் பெண் யோரிகோவும் உன் நூல் கடையும் நலமாக இருக்கவேண்டும் என்று நம் ஊர்க் கோயிலில் கைதட்டிக் கும்பிட்டுவிட்டுத்தான் இதைத் தொடங்குகிறேன்.

போன மாதம் நீ எழுதியிருந்தாய், அண்ணா, யோரிகோவைப் பெண் கேட்டு ஹிசாதா என்று ஒருவர் வந்திருக்கிறார், வானிலை நிலையத்தில் வேலை, பேசவே மாட்டேன்கிறார், நல்லவரா மந்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை, அவளுடைய அப்பா உயிரோடு இருந்தால் பார்த்துச் சொல்வார், இப்போது நீதான், நீ சரி என்றால் சரி, வேண்டாம் என்றால் வேண்டாம் என்று. நாலாம் வகுப்பைத் தாண்டாதவன் தலையில் இவ்வளவு பெரிய மூட்டையை வைத்தாய். எனக்கு ஜாதகம் பார்க்கத் தெரியாது, குலம் கோத்திரம் விசாரிக்கவும் வராது. ஓர் ஆளை எடைபோட எனக்குத் தெரிந்தது ஒரே வழி, வாத்து பிடிக்கிற மேட்டுக்கு அழைத்துப்போய்க் கையில் வலையைக் கொடுத்து, அவன் என்ன செய்கிறான் என்று பார்ப்பது. அதைத்தான் செய்தேன்.

ஆள் ஒசாகாவிலிருந்து புதன்கிழமை மத்தியான ரயிலில் வந்து இறங்கினான். கொக்குக்குக் கோட்டு மாட்டியது போல ஓர் உருவம், கையில் ஒரு தோல்பெட்டி, கழுத்தில் யோரிகோ பின்னிக் கொடுத்த கம்பளித் துண்டு, அதுவும் பளீர் வெள்ளை. வெள்ளைத் துண்டோடு வாத்து பிடிக்கப் போவதும் மேளம் அடித்துக்கொண்டு திருடப் போவதும் ஒன்றுதான். கழற்று என்றேன். "யோரிகோ கழற்றக் கூடாதுன்னு சொல்லியிருக்கா மாமா" என்றான். கடைசியில் உன் அண்ணி அதன்மேல் அடுப்பு துடைக்கிற துணியைச் சுற்றிவிட்டாள். அந்தக் கோலத்தில்தான் உன் வருங்கால மருமகனை எங்கள் வாத்து வலைச் சங்கத்துக் குடிசைக்குள் கூட்டிக்கொண்டு போய் இருபது பேருக்கு நடுவில் உட்கார வைத்தேன். அங்கே எல்லாருக்கும் பெரியவர் கான்பெய், வயது எழுபத்தொன்று, அவர் இவனை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன் தம்பி, ஒசாகாவுல வாத்து உண்டா?"

"கடையில உண்டுங்க."

"உயிரோடயா?"

"கேட்டுப் பார்க்கலைங்க."

எல்லாரும் சிரித்தார்கள், அவன் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு வாய் சும்மா இருக்குமா. "மாப்ள, என் மருமக வேணும்னா ஒரே ஒரு வாத்து, உன் கையால பிடிக்கணும், மூணு சாயங்காலம் இருக்கு" என்று சொல்லிவிட்டேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன் கினு, சத்தியமாக விளையாட்டுக்கு. அவனோ சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து 'வாத்து ஒன்று, மாலை மூன்று' என்று எழுதிக்கொண்டான். கான்பெய் பெரியவர், "எழுதிட்டான்யா, இனி இது வாக்கு" என்று சொல்லிப் புகைக்குழாயைத் தட்டினார். இருபது பேர் சாட்சி. அந்த நிமிஷத்திலிருந்து உன் பெண்ணின் கல்யாணம் ஒரு வாத்தின் இறக்கையில் தொங்கியது. தொங்கவிட்டவன் நான்.

சின்ன வயதில் உன்னை மேட்டுக்கு விடவில்லை என்பதால் அங்கே நடப்பது உனக்கு அவ்வளவாகத் தெரியாது. பகல் முழுவதும் வாத்துகள் குளத்தில் தூங்கும். பொழுது சாய்ந்ததும் எழும்பி மேட்டைத் தாண்டி வயலுக்கு மேயப் போகும். அந்தக் கால் மணி நேரம்தான் எங்கள் வேட்டை. துப்பாக்கி கிடையாது. இரண்டு ஆள் உயரத்துக்குக் கவட்டைக் கம்பு, அதன் நடுவில் வலை. மேட்டின் உச்சியில் வரிசையாக மூச்சுக் காட்டாமல் நின்று, இறக்கைச் சத்தம் கேட்டதும் கம்போடு சேர்த்து வானத்தைப் பார்த்து வீசவேண்டும். வாத்து வந்து மோதினால் வலை தானாகச் சுருங்கி, பறவையோடு கீழே விழும். மோதாவிட்டால் கம்பு மட்டும் விழும், அநேகமாக நம் தலையில். பொழுது இருக்கும்போதே பையனை மேட்டில் நிறுத்தி அறுபது தடவை வீசச் சொன்னேன். அறுபதும் பக்கவாட்டில் போயின. ஒன்று என் நாயைப் பிடித்தது. வழியில் சேற்றில் மூன்று தடவை விழுந்தான், மூன்று தடவையும் பெட்டியை மட்டும் உயரத் தூக்கிக்கொண்டு விழுந்தான். அதற்குள் காற்றழுத்தம் பார்க்கிற பித்தளைக் கருவியாம். பெண்டாட்டியையும் இப்படித் தூக்கிப் பிடிப்பான் என்று ஒரு நல்ல எண்ணம் எனக்கு வந்தது, உடனே போய்விட்டது.

முதல் நாள் சாயங்காலம் அவனைப் பெரியவருக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். பனி பெய்து ஓய்ந்து, வடமேற்குக் காற்று ஊசியாகக் குத்துகிறது. இருபது பேரும் மரக்கட்டை மாதிரி நிற்கிறோம். இருட்டு இறங்குகிற நேரத்தில் முதல் கூட்டம் விசில் அடித்தாற்போல வந்தது, அவன் தலைக்கு நேரே, கை நீட்டினால் எட்டும் போல. பெரியவர் பரிதாபப்பட்டு அவன் காதில், "இப்ப வீசு தம்பி" என்றார். பெரியவர் ஒருவர் வலிய வந்து புத்தி சொன்னால் நன்றாக வளர்க்கப்பட்ட பிள்ளை என்ன செய்யும்? குனிந்து வணங்கினான். சும்மா தலையாட்டல் இல்லை, இடுப்பு வரைக்கும். கையில் இருந்த கம்பும் அவனோடு சேர்ந்து குனிந்து, பெரியவர் தலையில் இறங்கி, அவரை வலைக்குள் பிடித்துப் போட்டது. நாற்பது வருஷமாக வலை வீசுகிற மனுஷன், அவரை வலையில் விழவைத்த முதல் ஆள் உன் மருமகன்தான். அதோடு விட்டானா? மன்னிப்புக் கேட்க இன்னொரு தடவை குனிந்தான். பெரியவர் வலைக்குள் இருந்தபடியே, "வணங்காதே, உனக்குப் புண்ணியமாப் போகும், வணங்காதே" என்றார். அத்தனை வாத்தும் வயலுக்குப் போய்ச் சேர்ந்தன.

இங்கே பேனா நின்றுபோனது, மை தீர்ந்துவிட்டதாம். ஊற்றியாயிற்று, மேலே படி.

இரண்டாம் நாள் காற்று என்றால் அது காற்று. இந்தப் பருவத்திலேயே அப்படி அடிக்கவில்லை, பைன் மரமெல்லாம் ஓலமிடுகிறது. யார் எங்கே நிற்பது என்று நாங்கள் தினமும் சீட்டு எடுப்போம், மேட்டின் தாழ்ந்த கழுத்துதான் ராஜா இடம், அங்கே நின்றால் குருடன்கூட ஒன்று பிடிப்பான். சீட்டு எடுத்தால் அந்த இடம் இவனுக்கு. அட, கல்யாணம் முடிந்தது என்று நினைத்தேன். அவன் என்ன செய்தான் தெரியுமா, சீட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, "நேத்து பெரியவருக்குத் தொந்தரவு கொடுத்துட்டேன், இந்த இடத்தை அவர் எடுத்துக்கணும்" என்றான். பெரியவர் மட்டும் லேசுப்பட்டவரா. "புதுசா வந்த பிள்ளையோட அதிர்ஷ்டத்தை நான் பிடுங்கறதா, தொமெகிச்சி நிக்கட்டும்" என்றார். நான் பெண் வீட்டுக்காரன், நான் நின்றால் ஊர் என்ன சொல்லும், மெஷின் கடை ஜின்பாச்சி நிற்கட்டும் என்றேன். ஜின்பாச்சி, என் சின்ன வயதுக்கு அது நியாயமா என்றான். இப்படி நீங்கள் நில்லுங்கள், ஐயோ நீங்கள் நில்லுங்கள் என்று இருபது பேர் மாறி மாறிக் குனிந்துகொண்டிருக்கும்போது, ஆளே இல்லாத அந்தக் கழுத்து வழியாக முந்நூறு வாத்து இடுப்பு உயரத்தில் போனது. ஒன்று என் தொப்பியை உரசிக்கொண்டு போனது. ஜின்பாச்சி சொன்னான், "மரியாதை மிச்சம், வேற ஒண்ணும் மிச்சமில்ல."

மூன்றாம் நாள் காலையில் உன் அண்ணி அடுக்களையில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு வாத்துக்காக அந்தப் பொண்ணு வாழ்க்கையில மண்ணள்ளிப் போடப் போறீங்களா?"

"வாக்குக் கொடுத்தாச்சே, இசோ."

"கொடுத்த வாயாலேயே திருப்பி வாங்கிக்கோங்க. அந்த வாய் வேற எதுக்கு இருக்கு?"

அவளுக்கு என்ன, சொல்லிவிட்டாள். இருபது பேர் முன்னால் சொன்ன சொல்லை விழுங்கிவிட்டு நான் சங்கத்துக் குடிசையில் எப்படி உட்கார்ந்து கள் குடிப்பது? மறுநாள் காலை ரயிலில் பையன் போயாகவேண்டும், அன்றைக்கோ மேட்டில் ஓர் இலை அசையவில்லை. வானம் கழுவிவிட்ட தட்டு மாதிரி இருக்கிறது. அவன் பித்தளைக் கருவியைப் பார்த்து, நோட்டில் கணக்குப் போட்டு, "நாலு ஐம்பதுக்கு வடமேற்குல இருந்து காத்து வரும் மாமா" என்றான். எட்டு வயதிலிருந்து இந்த மேட்டில் நிற்கிறேன், பைன் மரம் சொல்லாததை இந்தப் பித்தளை சொல்லுமா, சொந்தமாக ஒரு காற்று பெட்டிக்குள் வைத்திருக்கிறாயா என்று கேட்டேன், எல்லாரும் சிரித்தார்கள். காற்று வந்தது. நாலு ஐம்பத்திரண்டுக்கு வந்தது. அவன் கடிகாரத்தைப் பார்த்து, "ரெண்டு நிமிஷம் தப்பாப் போச்சு, மன்னிச்சுக்கோங்க" என்றான். குனியவில்லை, கம்பை நேராகப் பிடித்துக்கொண்டு கண்ணால் மட்டும் வணங்கினான். பிள்ளை கற்றுக்கொள்கிறான்.

காற்றோடு வாத்துகள் வந்தன. எல்லாரும் வீசினோம். இருட்டில் யார் கம்பு எங்கே போனது என்று தெரியவில்லை, கூச்சலும் இறக்கையும்தான். அடங்கின பிறகு நான் பையன் பக்கம் போனேன். அவன் வலையில் ஒரு வாத்து இருந்தது என்று நான் சொல்கிறேன். பச்சைத்தலை ஆண் வாத்து, கொழுத்தது. உயரத் தூக்கிக் காட்டினேன். இருபது பேரும் கைதட்டினார்கள், பெரியவர் தன் தொப்பியைக் கழற்றினார், ஜின்பாச்சி அவனைத் தோளில் தூக்கப் பார்த்து இரண்டு பேருமாகப் பனியில் விழுந்தார்கள். உன் அண்ணி அதை மாவு புரட்டிக் குழம்பு வைத்தாள், ஊரே மணத்தது. பையன் அதில் காளானையும் கீரையையும் மட்டும் தின்றுவிட்டு வாத்துத் துண்டைக் கிண்ணத்தின் ஓரமாக ஒதுக்கி வைத்தான். நகரத்து வயிறு. அதையும் நானே சாப்பிட்டேன்.

ஆகவே கினு, கேட்டபடி சோதித்தாயிற்று. ஆள் வலை வீசத் தெரியாதவன், சேற்றில் நிற்கத் தெரியாதவன், எங்கே குனிவது எங்கே நிமிர்வது என்று தெரியாதவன். ஆனாலும் சொன்னபடி வாத்து விழுந்துவிட்டதால் என் வாக்குப்படி சம்மதம். வாத்து விழாமல் இருந்திருந்தால் வேண்டாம் என்றுதான் எழுதியிருப்பேன், அதில் தயவு தாட்சண்யம் கிடையாது. உனக்கும் யோரிகோவுக்கும் எங்கள் இரண்டு பேரின் ஆசிகள். கடையை ஈரம் அண்டாமல் பார்த்துக்கொள், நெஞ்சுச் சளிக்கு முள்ளங்கியைத் தேனில் ஊறவைத்துக் குடி, தெய்வம் துணையிருக்கும்.

உன் அண்ணன்,
தொமெகிச்சி

பின்குறிப்பு: இது என் சொந்தக் கை, கோழி கிளறினது போல இருக்கும், பொறுமையாகப் படி. மேலே உள்ள எழுத்து என்னுடையது இல்லை என்று முதல் வரியிலேயே உனக்குத் தெரிந்திருக்கும். பனியில் ரயில் மூன்று மணி நேரம் தாமதம், ஒழுங்காக எழுதத் தெரிந்தவன் வீட்டில் ஒருவன்தான் இருந்தான். நான் சொல்லச் சொல்ல ஹிசாதாதான் எழுதினான். கொக்கு என்றேன், எழுதினான். பெரியவரை வலையில் பிடித்ததைச் சொன்னேன், காது சிவக்க எழுதினான். சேற்றில் இரண்டு தடவை என்றுதான் நான் சொன்னேன், "மூணு மாமா" என்று திருத்தி எழுதினான். வாத்து விழுந்த இடம் வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டான்.

"இதை நான் எழுத முடியாது மாமா. என் கம்பு அப்ப மரத்துல மாட்டியிருந்தது. கீழே இறக்கினது நீங்க. உள்ளே வாத்து இருக்குன்னு சொன்னதும் நீங்க."

"நேத்து ஏன் வாயை மூடிட்டிருந்தே?"

"அத்தனை பேர் முன்னாடி சொன்னா உங்க முகம் என்னாகும்? ஆனா யோரிகோவோட அம்மாவுக்குப் போற கடிதத்துல நான் பார்க்காததை எழுதக் கூடாது."

"நான் சொல்றேன், எழுதுடா."

"நீங்க சொல்றீங்கன்னு எழுதறேன்."

அந்த வரியைத் திரும்பிப் பார், அப்படித்தான் இருக்கும். வாத்து என் வலையில் விழுந்தது. என் வாய்க்கொழுப்பால் உன் பெண்ணின் கல்யாணம் நின்றுவிடக் கூடாதே என்று இருட்டில் அவன் வலைக்குள் திணித்தவன் நான்தான். கடிதத்தை முடித்துக் கொடுத்துவிட்டு அவன், "சொன்னபடி பார்த்தா யோரிகோ எனக்கு இல்ல மாமா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு பெட்டியைக் கட்டப் போனான். உன் அண்ணிதான் அடுக்களையிலிருந்து கேட்டாள், "வாத்து பிடிக்கத் தெரிஞ்சவங்க இந்த மேட்டுல இருபது பேர் இருக்காங்க. அதுல எவனுக்காவது நம்ம யோரிகோவைக் கொடுப்பீங்களா?"

இருபது பேரையும் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். என்னையும் சேர்த்துத்தான். கொடுக்க மாட்டேன்.

கடிதத்தை அவனிடமே ஒட்டிக் கொடுத்து அனுப்புகிறேன். படித்து முடித்ததும் அவனை வாசலிலேயே நிறுத்தி வைக்காமல் உள்ளே கூப்பிட்டுச் சாப்பாடு போடு, கல்யாணத்துக்கு நாள் பார்.