மேற்கு வளவுப் புழுக்கை

மனித இனம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன்பின் 1994 வரை சொல்லிக்கொள்ளும்படி எதுவும் செய்யாமல் சும்மா இருந்தது. அந்த வருடம்தான் பெருந்துறைக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ‘கால்நடை உயராய்வு நிலையம்’ ஆட்டுப் புழுக்கையைக் கையில் எடுத்தது. இடைப்பட்ட காலத்தில் வேறு சில கண்டுபிடிப்புகளும் நடந்ததாகப் பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. எங்கள் டைரக்டர் டாக்டர் சென்னியப்பனுக்கு அவற்றைப் பற்றி நல்ல அபிப்பிராயம் கிடையாது.

நான் அங்கே லேப் டெக்னீஷியன். புழுக்கையைக் கரைத்து, கண்ணாடித் தகட்டில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, ஆட்டின் வயிற்றுப் புழுக்கள் போட்ட முட்டைகளை எண்ணிச் சொல்வது என் உத்தியோகம். முட்டை நிறைய இருந்தால் ஆடு ரத்தம் சுண்டிச் சாகும். இல்லாவிட்டால் பிழைத்துக்கொள்ளும். என் மாமனார் இதைச் சொல்லக் கூச்சப்பட்டு, கல்யாணத்துக்கு வந்தவர்களிடமெல்லாம், “மாப்பிள்ளை முட்டைக் கணக்குப் பாக்கறாருங்க, பெரிய ஆபீசுங்க” என்று சொல்லிவைத்தார். பல்லடத்துக் கோழிப்பண்ணைக்காரர்கள் எழுந்து நின்று எனக்குக் கை கொடுத்தார்கள்.

நவீன வசதிகளுக்கு எங்கள் நிலையத்தில் குறைவே இல்லை. கம்ப்யூட்டர் இருந்த அறைக்கு ஏ.சி. உண்டு. செருப்பைக் கழற்றி, காலைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆயுத பூஜையன்று அதற்குச் சந்தனம் வைத்ததில் இரண்டு பட்டன்கள் அமுங்கியவை அமுங்கியபடியே நின்றுவிட்டன. மருந்துகள் இருந்த ஸ்டோர் ரூமுக்குத் தகரக் கூரை. ஜீப் ஒன்று இருந்தது. அதன் பக்கவாட்டில் ‘கால்நடைகளின் சேவையில்’ என்று எழுதியிருந்தது. எந்தக் கால்நடையும் அதில் ஏறியதில்லை. நானும் ஏறியதில்லை. ஆராய்ச்சிக்கு வேண்டிய புழுக்கைகளை டிபன் பாக்ஸில் போட்டு டவுன் பஸ்ஸில்தான் கொண்டுவருவேன். மதிய நேரத்தில் பக்கத்து சீட்டுக்காரர்கள், “என்னங்க தம்பி, இன்னும் சாப்பிடலீங்களா?” என்று அக்கறையாகக் கேட்பார்கள்.

ஆராய்ச்சி இதுதான்: குடற்புழு மருந்து வேலை செய்கிறதா, இல்லையா? அது வேலை செய்யும் என்று மருந்துக் கம்பெனிக்குத் தெரியும். ஆட்டுக்காரர்களுக்கும் தெரியும். ஆனால் எங்கள் நிலையத்துக்குத் தெரியாதவரை அது ‘உறுதி செய்யப்படாத தகவல்’ அல்லவா? ஆகவே நல்லிக்காட்டுப்புதூர் என்ற ஊரை எடுத்து இரண்டாகப் பிரித்தோம். கிழக்கு வளவு தோட்டம் துரவு உள்ளவர்கள் இருக்கும் பகுதி. மேற்கு வளவில் அந்தத் தோட்டங்களில் கூலிக்குப் போகிறவர்களின் வீடுகள். ஒரு வளவு ஆடுகளுக்கு மருந்து கொடுப்பது, மற்ற வளவுக்குக் கொடுக்காமல் சும்மா பார்த்துக்கொண்டிருப்பது, மழைக்காலம் முடிந்ததும் இரண்டையும் ஒப்பிடுவது. கொடுக்காத பக்கத்துக்கு அறிவியலில் ‘கட்டுப்பாட்டுக் குழு’ என்று கௌரவமான பெயர் உண்டு.

எந்தப் பக்கத்துக்கு மருந்து என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்தோம். சீட்டை எழுதியது டைரக்டர். எடுத்ததும் டைரக்டர். குலுக்கியது மட்டும் நான். கிழக்கு வளவுக்கு மருந்து விழுந்தது. அங்கேதான் டைரக்டரின் தூரத்துச் சொந்தமான தோட்டத்துக் கதிரேசன் இருந்தார் என்பது முழுக்க முழுக்கத் தற்செயல்.

மேற்கு வளவில் மயிலாத்தாள் என்ற பெண்ணுக்கு ஒரு சிறிய ஆட்டுப்பட்டி இருந்தது. புருஷன் கிணறு வெட்டும்போது கல் சரிந்து போய்ச் சேர்ந்துவிட்டான். கதிரேசனின் தோட்டத்தில் ஆட்டுப்பட்டி கூட்டுவது, களை எடுப்பது என்று ஜீவனம். பெண் யுவஸ்ரீயை நர்ஸ் படிப்புக்குச் சேர்க்க அந்த ஆடுகளைத்தான் நம்பியிருந்தாள். “கட்டுப்பாட்டுக் குழுவில் உங்களைச் சேர்த்திருக்கோம்” என்று நான் சொன்னபோது அவளுக்கு ஒரே சந்தோஷம்.

“எங்களையும் ஒரு ஆளா மதிச்சுச் சேத்தியிருக்கறீங்க. ரொம்ப நல்லதுங்க சார்” என்றாள்.

மழை வந்தது. புல் வந்தது. புல்லோடு புழுவும் வந்தது. நான் வாராவாரம் இரண்டு வளவிலும் புழுக்கை வாங்கி வந்து எண்ணினேன். முடிவு வந்தபோது நிலையமே ஆடிப்போய்விட்டது. மருந்து குடித்த கதிரேசன் வீட்டுப் புழுக்கையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக முட்டைகள் இருந்தன. மருந்தே காணாத மயிலாத்தாள் வீட்டுப் புழுக்கையில் ஒரு முட்டைகூட இல்லை. உருண்டை உருண்டையாக, பளபளவென்று, கண்காட்சியில் வைக்கலாம்போல இருந்தது.

டாக்டர் சென்னியப்பன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்ப்யூட்டர் அறைக்குள் போனார். வெளியே வந்தபோது அவர் முகத்தில் ஞானம் வந்திருந்தது.

“மருந்துதான்யா வியாதி!” என்றார்.

‘மருந்தில்லா ஆடு வளர்ப்பு: கொங்கு மண்ணின் கொடை’ என்ற கட்டுரை பிறந்தது. மருந்து விநியோகத்தை நிறுத்தினால் அரசாங்கத்துக்கு எவ்வளவு நிம்மதி என்று ஒரு பரிந்துரையும் சென்னைக்குப் போனது. ஃபேக்ஸ் மூலம் சுருக்கம் ஸ்காட்லாந்துக்குப் போய்ச் சேர, அங்கிருந்து ஒரு பேராசிரியர், மேற்கு வளவு ஆடுகளை நேரில் தரிசிக்க வருவதாகப் பதில் வந்தது. அந்த ஃபேக்ஸ் தாளுக்குக் காந்திபுரத்தில் கண்ணாடி போட்டு வாங்கி வந்தது நான்தான்.

அடுத்த நாள் மயிலாத்தாள் நிலையத்து வாசலில் வந்து நின்றாள். அழுது கண் வீங்கியிருந்தது.

“ஏனுங்க சார், எம்பட செவலை ஆடு செத்துப்போச்சுங்க. வகுத்துல ரெண்டு குட்டிங்க. மத்ததும் தாடை வீங்கி, தண்ணியாக் கழிஞ்சுக்கிட்டுக் கெடக்குதுங்க. ஒரு மூடி மருந்து குடுத்தீங்கன்னாப் போதுமுங்க.”

“அதெப்படி? உங்க ஆட்டுப் புழுக்கைதான் மாவட்டத்திலேயே முதல் தரம்!”

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அது எம்பட ஆட்டுது இல்லீங்களே.”

“பின்னே?”

“நீங்க எம்மாந் தூரத்துலருந்து பஸ்ஸுல வாறீங்க. ஊடு தேடி வந்த ஆபீசருக்குக் கழிசலையா எடுத்துக் கையில குடுக்கறது? மருவாதியா இருக்குமுங்களா? அதனால கதிரேசப் பண்ணாடி ஊட்டுப் பட்டி கூட்டறப்ப நல்லதாப் பாத்துப் பொறுக்கி, தூசி தட்டி, எலையில மடிச்சு வெச்சிருந்து குடுத்தனுங்க. தப்புங்களா?”

அவள் ஆடுகள் சாகக் கிடந்தபோதெல்லாம் எனக்கு மரியாதை செய்துகொண்டிருந்திருக்கிறாள். கதிரேசன் காலில் பட்டதை அள்ளிக் கொடுத்தார், அவர் புழுக்கை உண்மையைச் சொல்லிவிட்டது. இவள் பார்த்துப் பார்த்துக் கொடுத்தாள், இவள் ஆடு செத்தது.

நான் டைரக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பெரிய மனிதர்களுக்கே உரிய பொறுமை அது.

“இதோ பாருப்பா, மயிலாத்தா சொல்றது வாய்வார்த்தை. கம்ப்யூட்டர் சொல்றது சயின்ஸ். நீ எதை நம்பறே?”

“சார், ஆடு செத்துப்போச்சுங்களே?”

“அது ஆட்டோட தனிப்பட்ட விஷயம்.”

உடனே அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. காபி, பிஸ்கட் உண்டு. பேராசிரியர் வியாழக்கிழமை வருகிறார், சாகக் கிடக்கும் ஆடுகளை என்ன செய்வது என்பதுதான் பொருள். உதவி விஞ்ஞானி டாக்டர் மெர்சி புதிதாகச் சேர்ந்தவர். நிலையத்தின் மரபுகள் பிடிபடாதவர். அவர் எழுந்து, “சார், அந்த ஆடுகளுக்கு மருந்து குடுத்துட்டா என்னங்க?” என்று கேட்டுவிட்டார்.



“மருந்து குடுத்தா அது மருந்தில்லா ஆடு எப்படிம்மா ஆகும்?” என்றார் டைரக்டர். “உங்க காலேஜ்ல என்னத்தைச் சொல்லிக் குடுத்தாங்க?”

மெர்சி உட்கார்ந்தார். பிஸ்கட் தட்டு அவரைத் தாண்டிப் போனது.

கடைசியில் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. கதிரேசனின் கொழுத்த ஆடுகளை வியாழக்கிழமை மட்டும் மயிலாத்தாள் வாசலில் கட்டுவது. மயிலாத்தாளின் ஆடுகளைக் கண்ணில் படாத இடத்தில் ஒளிப்பது. எங்கே ஒளிப்பது? பேராசிரியர் லேபைப் பார்ப்பார், கம்ப்யூட்டரைப் பார்ப்பார், டைரக்டர் அறையில் ஃபேக்ஸ் கண்ணாடியைப் பார்ப்பார். மருந்தே தேவையில்லை என்று நிரூபித்த நிலையத்தில் மருந்து ஸ்டோரை மட்டும் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். ஆட்டைக் கத்தாமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதால் மயிலாத்தாளையும் கூடவே உள்ளே வைப்பது என்று முடிவாயிற்று.

வியாழன் விடிந்ததும் மயிலாத்தாளின் ஆடுகள் ஜீப்பில் ஏறின. பக்கவாட்டில் எழுதியிருந்தது அன்றைக்குத்தான் முதல்முறையாக மெய்யானது. டிரைவர் மூக்கைப் பொத்திக்கொண்டே ஓட்டினார்.

“ஏனுங்க சார், எங்கீங்க கூட்டிட்டுப் போறீங்க? டாக்டர் பாக்கறாருங்களா?” என்று மயிலாத்தாள் கேட்டாள்.

“டாக்டர்கள் எல்லாரும் இருக்காங்க” என்றேன். அது உண்மைதான். ஸ்டோரைப் பூட்டியதும் டைரக்டர் சாவியை வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

பேராசிரியர் சிவந்த முகமும் பெரிய தொப்பியுமாக வந்து இறங்கினார். மேற்கு வளவில் ஊரே கூடியிருந்தது. கதிரேசனின் ஆடுகள் வேறு யாருக்கும் அடங்காது என்பதால் கதிரேசனே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். “இவர்தான் மயிலாத்தாள்” என்று டைரக்டர் ஆங்கிலத்தில் அறிமுகம் செய்தார். பேராசிரியர் மீசை வைத்த கதிரேசனின் கையைப் பிடித்துக் குலுக்கி, “மிஸ்டர் மயிலாத்தா, வெல்டன்!” என்றார். கதிரேசன் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஆடுகள் மட்டும் ஒத்துழைக்கவில்லை. தங்கள் வீடு எந்தப் பக்கம் என்று அவற்றுக்குத் தெரியும். எல்லாம் ஒரே முகமாகக் கிழக்கே திரும்பி நின்று கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தன. அது ஏன் என்று பேராசிரியர் கேட்டார்.

“மருந்து சாப்பிடாத ஆடு சூரியனைத்தான் பாக்கும்” என்றார் டைரக்டர், கண்ணை இமைக்காமல்.

பேராசிரியர் அதையும் எழுதிக்கொண்டார். விருந்துக்குக் கோயமுத்தூர் புறப்படும்போது டைரக்டர் சாவியை என் கையில் கொடுத்து, “அந்தச் சனியன்களைத் திருப்பி விட்டுடு” என்றார்.

நான் ஸ்டோரைத் திறந்தேன். தகரக் கூரைச் சூட்டில் மயிலாத்தாள் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் ஆடுகள். அவள் மடியில் காலி பாட்டில்கள்.

“கோவிச்சுக்காதீங்க சார்” என்றாள். “வெளிய பூட்டிப்போட்டீங்களா, டாக்டர் வருவாரு வருவாருன்னு பாத்தனுங்க. ஆரும் வரலீங்க. சுத்தியும் பாத்தா, பண்ணாடி ஊட்ல ஊத்துவாங்களே, அதே மஞ்சப் பாட்டலுங்க. அங்க ஆட்டைப் புடிச்சுக் குடுக்கறதே நாந்தானுங்களே. அதே மாதர மூடியில அளந்து ஊத்திப்போட்டனுங்க. திருட்டுன்னு சொல்லிப்போடாதீங்க, நாளைக்கு வேலை செஞ்சு கழிச்சுப்போடறேன்.”

விருந்துக்குப் போகாமல் என் பின்னாலேயே வந்திருந்த மெர்சி, “பாட்டிலை இங்க குடுங்கக்கா” என்று வாங்கித் தன் ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டார். மரபு பிடிபடாதவர் என்று சொன்னேன் அல்லவா?

ஆடுகளின் தாடை வீக்கம் மெல்ல மெல்ல வடிந்தது. கழிசல் நின்றது. மயிலாத்தாள் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் உதவி செய்த இடத்துக்கு நன்றி சொல்லாமல் இருப்பது அவள் வளர்ப்பில் கிடையாது. ஒரு சொம்பு ஆட்டுப்பாலோடு நேராக டைரக்டர் அறைக்கே போய், “உங்க ஸ்டோரு மருந்துலதானுங்க எம்பட ஆடு பொழச்சுது. நீங்க நல்லா இருக்கோணுமுங்க” என்று சொல்லிப் பெரிய கும்பிடு போட்டாள். இந்தத் தடவை அவளுடைய சொந்த ஆட்டுப் புழுக்கையையும் இலையில் மடித்துக் கொண்டுவந்திருந்தாள்.

டைரக்டர் அந்தப் புழுக்கையை என்னிடம் கொடுத்து எண்ணச் சொன்னார். ஒரு முட்டையும் இல்லை. ‘மருந்து தரப்படாத ஆடு: முட்டை இல்லை. முந்தைய முடிவு மீண்டும் உறுதியாகிறது’ என்று கம்ப்யூட்டரில் ஏற்றப்பட்டது. கட்டுரை ஸ்காட்லாந்தில் அச்சாயிற்று. டைரக்டருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். விஞ்ஞானத்துக்கு ஊறு நேராமல் இருக்க, ஸ்டோர் ரூமுக்கு இரண்டாவது பூட்டு ஒன்றும் வாங்கினோம்.

அந்த நிலையத்தில் நான் எத்தனையோ வருடம் வேலை பார்த்தேன். உலகத்தரமான ஆராய்ச்சிகள் நடந்தன, மாநாடுகள் நடந்தன, ஏ.சி. ஒரு நாளும் நிற்கவில்லை. அந்த வளாகத்துக்குள் நோயோடு வந்த ஆடு பிழைத்துத் திரும்பியது மட்டும் அந்த ஒரு வியாழக்கிழமைதான். அன்றைக்குத்தான் விஞ்ஞானிகள் நாங்கள் எல்லோரும் கதவுக்கு வெளியே இருந்தோம்.