மொட்டைமாடியில் ஒரு மூங்கில் குவிமாடம்

வேலையை விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். அதை மனைவியிடம் சொல்வதில்லை என்றும் அதே மூச்சில் முடிவு செய்தேன். இரண்டில் எது அதிகத் துணிச்சலானது என்பது கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

இருபத்திரண்டு வருடங்களாக ஒரு கட்டட அலுவலகத்தில் படம் வரைகிறேன். முகப்பு, வரவேற்பறை எல்லாம் மற்றவர்கள் வரைவார்கள். கழிவறை என் பொறுப்பு. இதுவரை நான் வரைந்தவற்றை வரிசையாக வைத்தால் ஒரு ஊரே உட்காரலாம்.

இந்த நிலையில்தான் ஒரு டாக்டரம்மா வந்தார். பெரிய நோயிலிருந்து மீண்டவர்கள் கூடி உட்கார்ந்து மனம்விட்டுப் பேச ஒரு கூடம் வேண்டுமாம். சிமென்ட் கூடாது. இரும்பு கூடாது. மூலையே கூடாது. "மூலை இல்லாம கட்டடமா?" என்று எங்கள் முதலாளி சிரித்தே அனுப்பிவிட்டார். நான் மாடிப்படிவரை பின்னாலேயே ஓடினேன்.

"மூங்கிலை முக்கோணம் முக்கோணமா இணைச்சுக்கிட்டே போனா, கவுத்து வச்ச கிண்ணம் மாதிரி நிக்கும் டாக்டர். நடுவுல தூணே வேணாம். மேல பாய், பாய் மேல களிமண். அவ்வளவுதான்."

"கட்டியிருக்கீங்களா?"

"கட்டிக்கிட்டே இருக்கேன்."

அதுவரை நான் கொசுவலைகூட ஒழுங்காகக் கட்டியதில்லை.

மூன்று வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை மாதிரியைப் பார்க்க வருகிறேன் என்றார். அவருக்குப் பிடித்துவிட்டால் திங்கட்கிழமை என் ராஜினாமா. அப்புறம் ஆயுசுக்கும் குவிமாடம்தான். கழிவறைகளுக்கு ஒரு பெரிய கும்பிடு.

என் மனைவி ஒரு ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் பிரிவுக்கு மேற்பார்வையாளர். அங்கே நாற்பது பேர் அவள் கண்ணசைவுக்குக் கத்தரி பிடிக்கிறார்கள். வீட்டில் நான் ஒருவன்தான். அதனால் கவனம் முழுவதும் என்மேல்.

"என்னங்க இது, மாடி பூரா மூங்கிலு?"

"பொழுதுபோக்கு."

"உங்க பொழுது போறதுக்கு அறுபத்தஞ்சு கழியா?"

ஒரே பார்வையில் எண்ணிவிட்டாள்! சிரித்துக்கொண்டே கீழே இறங்கிப் போனாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

இரண்டு நாள் முட்டி மோதி நிறுத்தினேன். ஒரு பக்கம் தொப்பை தள்ளி, மறுபக்கம் கன்னம் ஒட்டி, குவிமாடம் நான்கு வேளை பட்டினி கிடந்தாற்போல நின்றது. அவள் அளவுநாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து சுற்றிப் பார்த்தாள்.

"இதுல ரெண்டு அளவு இருக்கு. நெட்டை முப்பத்தஞ்சு, குட்டை முப்பது. ரெண்டையும் கலந்து கட்டிட்டீங்க. சட்டைக் கையைக் கழுத்துல வச்சுத் தைச்சா எவன் போடுவான்?"

"படத்துல சரியாத்தான் போட்டிருக்கேன்."

"படத்துக்குள்ளயா குடிபோகப் போறாங்க?"

எல்லாவற்றையும் அவிழ்த்தாள். நெட்டைக்குச் சிவப்புத் துணி, குட்டைக்கு நீலத் துணி கட்டினாள். மூன்று மணி நேரத்தில் உருண்டையாக, அழகாக, அம்சமாக நிறுத்திவிட்டாள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். சும்மா சொல்லக்கூடாது, ஏணியை நன்றாகவே பிடித்தேன்.

பிறகு மேலே பாய் போர்த்தி, தினமும் சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் உட்புறம் மண் பூச ஆரம்பித்தாள். எனக்கும் பக்கத்து வீட்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கும் குவிமாடத்துக்குள்ளேயே சுவரோரமாக இரண்டு நாற்காலி போட்டுக் கொடுத்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் நிம்மதியாப் பேசிக்கிட்டிருங்க. நான் அந்தப் பக்கம் பூசுறேன்."

இப்படி ஒரு மனைவி யாருக்கு வாய்க்கும்! அவள் பதினைந்து அடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு பூசினாள். நாங்கள் கிசுகிசுத்தோம்.

"எப்ப சார் சொல்லப் போறீங்க?" என்றார் கண்ணாடிக்காரர்.

"சொல்றதா? திங்கட்கிழமை கடுதாசியைக் கொடுத்துட்டு, செவ்வாய்க்கிழமை சொல்வேன்."

"குதிப்பாங்களே."

"ரெண்டு நாள் குதிப்பா. போன வேலை வந்துடுமா? அப்புறம் அவ சம்பளத்துல வீடு ஓடும், நான் மூங்கில் வெட்டுவேன்."

"மாமனார் வீட்ல?"

"அவங்களையும் அவளே சமாளிப்பா."

அந்தப் பக்கம் பூச்சுக்கரண்டி ஒரு நொடி நின்றது. பிறகு முன்பைவிட வழவழவென்று பூசியது.

ஞாயிற்றுக்கிழமை டாக்டரம்மா வந்தார். உள்ளே நுழைந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டார். அப்போதே எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "உக்காருங்க டாக்டர்" என்று என் நாற்காலியைக் காட்டினேன். மனைவி எதிர்ச்சுவரோரம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

டாக்டரம்மா திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். "நீங்களா பேசினீங்க?"

"இல்லையே."

"யாரோ என் காதுக்குள்ள, 'சௌகரியமா இருக்கா டாக்டர்'னு கேட்டாங்க!"

மனைவி திரும்பினாள். "நான்தான் டாக்டர். வளைஞ்ச சுவராச்சே, இங்க மெல்லப் பேசினா அங்க கேக்கும். அங்க பேசினா இங்கயும் கேக்கும். பூசும்போதே முதல் நாளே தெரிஞ்சுது."

முதல் நாளே! எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. வேடிக்கை பார்க்க வந்திருந்த கண்ணாடிக்காரர், வீட்டில் அடுப்பில் ஏதோ வைத்த ஞாபகம் திடீரென்று வந்து, இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினார்.

"அற்புதம்மா!" என்றார் டாக்டரம்மா. "எங்க ஆளுங்க பாதிப் பேருக்குச் சத்தமாப் பேசவே தெம்பு இருக்காது. அவங்களுக்காகவே செஞ்ச மாதிரி இருக்கு. முப்பது பேர் உக்கார்ற மாதிரி எப்ப ஆரம்பிக்கலாம்?"

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தேன். அவர் பார்த்தது அவளை.

"நாளைக்கே டாக்டர்," என்றாள் மனைவி.

"நாளைக்கு உனக்கு வேலை இருக்கே?" என்றேன்.

"நான்தான் வெள்ளிக்கிழமையே கடுதாசி எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டேனே. உங்க சம்பளத்துல வீடு ஓடுமுல்ல?"