விசில் டீச்சரும் வெறும் டப்பாவும்

மின்சாரம் நம்மை விட்டுப் போவது புதிதல்ல. சொல்லாமல் போகும், நினைத்தபோது வரும். அந்த மின்சாரத்தைப் பார்த்து, "நாளையிலிருந்து நீ வர வேண்டாம்" என்று வேலையை விட்டு நிறுத்திய ஆள் எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒருவர்தான். புனே நிக்டியில் எங்கள் பக்கத்து வீட்டு விசில் டீச்சர்.

அவருக்கு நிச்சயம் ஒரு பெயர் இருக்கும். ஆதார் கார்டைப் பார்த்தால் தெரியலாம், ஆனால் அதைக் கேட்கும் தைரியம் எங்கள் தெருவில் யாருக்கும் கிடையாது. முப்பது வருஷம் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்தவர். வேலை ஓய்ந்த பிறகும் கழுத்திலிருந்த விசில் ஓயவில்லை. ஆட்டோவை நிறுத்த ஒரு விசில், நாயைத் துரத்த இரண்டு, மாமரத்தில் உட்காரும் கிளிகளுக்கு நீளமாக ஒன்று. பூர்வீகம் நாசரேத் பக்கம். கல்யாணமாகிப் புனே வந்து நாற்பது வருஷம் ஆனதில் பேச்சில் ஹிந்தியும் மராத்தியும் தாராளமாகக் கலந்திருக்கும். கோபம் வந்தால் மட்டும் சுத்தமான திருநெல்வேலித் தமிழ். கோபம் வராத நேரத்தில் நான் அவரைப் பார்த்ததில்லை.

மின்சாரத்தோடு சண்டை வந்தது முருங்கை மரத்தால். மழைக்கு முன்னால் கரண்ட் ஆபீஸ் ஆட்கள் ஏணியோடு வந்து, கம்பியில் உரசும் கிளைகளை வெட்டிவிட்டுப் போவார்கள். ஊர் முழுக்க நடப்பதுதான். டீச்சர் வீட்டுக்கு வரும் கம்பி முருங்கைக்குள் புகுந்துதான் வரும். ஒரு வருஷம் டீச்சர் கடைக்குப் போயிருந்த நேரத்தில் மரத்தைப் பாதியாக்கிவிட்டார்கள். மறு வருஷம் ஏணியைச் சாத்துவதற்குள் விசில் கேட்டது.

"மரத்துல கம்பி இடிக்குதுன்னா கம்பியக் கழத்திட்டுப் போங்க. மரம் எனக்குச் சோத்துக்குக் குழம்பு தருது. ஒங்க கம்பி என்னத்தத் தருது?"

ஏணிக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் இறங்கிவிட்டார். டீச்சர் அதோடு விடவில்லை. மறுநாள் ஆபீஸுக்கே போய், இணைப்பை நிரந்தரமாகத் துண்டிக்கச் சொல்லி மனு கொடுத்தார். அங்கிருந்த கிளார்க் குழம்பிப் போய், "மேடம் வெளிநாடு போறீங்களா?" என்று ஹிந்தியில் கேட்டாராம். "இல்லை, வீட்டுக்குப் போகிறேன்" என்று பதில் சொல்லிவிட்டு, விண்ணப்பத்தில் 'காரணம்' என்ற இடத்தில் 'முருங்கை மரம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வந்தார்.

அதற்குப் பிறகு மொட்டை மாடியில் நாலு சோலார் பலகை ஏறின. கீழே இரண்டு பேட்டரி. வெளிச்சத்துக்கு ஒரே ஒரு பல்பு. குளித்த தண்ணீர் வாழைக்குப் போனது, பாத்திரம் கழுவிய தண்ணீர் சேம்புக்குப் போனது. ஃபேன் கிடையாது. கேட்டால், "காத்து வெளிய சும்மாதான அடிக்கு" என்பார். செல்போனைப் பகல் பன்னிரண்டு மணிக்கு, வெயில் உச்சியில் இருக்கும்போதுதான் போடுவார். பன்னிரண்டே காலுக்கு அணைத்துவிடுவார். தூத்துக்குடியிலிருந்து துபாய் வரை உள்ள சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அந்தக் கால் மணி நேரத்துக்குள் முட்டி மோதுவார்கள்.

வீட்டின் நடுக்கூடத்தில் ராஜாவாக வீற்றிருந்தது ஃப்ரீசர். மூடிப்போன ஓர் ஐஸ்கிரீம் கடையிலிருந்து வந்த, மேல் மூடியைத் தூக்கித் திறக்கும் நீளமான பெட்டி. பக்கவாட்டில் மாம்பழ ஐஸ்கிரீம் படம் அப்படியே இருந்தது. உள்ளே இருந்தவை தோட்டத்து அவரை, பூசணி, முருங்கைக் கீரை, மாம்பழக் கூழ். என் மனைவி சாந்தி அந்தப் படத்தை நம்பி, "டீச்சர், எனக்கு ஒரு கப்" என்று கேட்கப் போய், கல்லாக உறைந்த பூசணித் துண்டோடு திரும்பி வந்தாள்.

ஃப்ரீசருக்குள் டீச்சர் ஒரு பள்ளிக்கூடமே நடத்தினார். ஒவ்வொரு கூடையும் ஒரு வகுப்பு. ஐந்தாம் வகுப்பில் கீரை, ஆறாம் வகுப்பில் அவரை, ஏழு 'ஏ'யில் பூசணி, ஏழு 'பி'யில் மாம்பழக் கூழ். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ரோல் நம்பர். தினம் பகலில் ஒரு தடவை, பத்து விநாடிதான் மூடி திறக்கும். அதற்குள் எடுக்க வேண்டியதை எடுத்து மூடிவிட வேண்டும். ஒருநாள் அவருக்குக் கையில் அடிபட்டிருந்ததால் என்னை எடுக்கச் சொன்னார். நான் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஆறாம் வகுப்பைத் தேடினேன். காதுக்குள் விசில் அடித்தது.

"தொறந்து வச்சிட்டு என்ன யோசனை தம்பி? பரீச்சையா எழுதுத? உள்ள இருக்க குளிரெல்லாம் வெளிய போகுதுல்லா."

டீச்சரின் ஒரே மகன் ஜெபா. வாகட்டில் பதினாலாவது மாடியில் மனைவி ஷீபாவோடு குடியிருப்பு, ஹிஞ்சேவாடியில் கம்ப்யூட்டர் வேலை. நல்ல பையன். ஒவ்வொரு ஞாயிறும் சர்ச் முடிந்து வந்து ஒரே பாட்டைப் பாடுவான்.

"அம்மா, உங்களுக்குன்னு தனி ரூம் போட்டு வச்சிருக்கேன். லிஃப்ட் இருக்கு, ஏ.சி. இருக்கு. இங்க தனியா உக்காந்து என்ன பண்றீங்க?"

"அங்க முருங்கைய எங்கல வைப்ப?"

"பால்கனியில மணி பிளான்ட் வைக்கலாம்மா."

"மணி பிளான்ட்ட வச்சுப் பொரியல் பண்ண முடியுமா?"

இப்படியே நாலு வருஷம் ஓடியது. ஐந்தாம் வருஷம் மழைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஜெபா பொறுமை இழந்தான். மழைக்காலத்தில் சோலார் படுத்துவிடும், அம்மாவும் படுத்துவிடுவார் என்பது அவன் பயம். என்னையும் சாந்தியையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டு ஒரு பந்தயம் கட்டினான். முதல் மழையிலிருந்து தசரா வரை டீச்சர் கடையில் ஒன்றும் வாங்கக் கூடாது, யாரிடமும் கரண்டோ சாப்பாடோ எதுவும் கேட்கக் கூடாது. அரிசி, பருப்பு, எண்ணெய் முன்னாலேயே நிரப்பி வைத்துக்கொள்ளலாம். தாக்குப்பிடித்துவிட்டால் அவன் இனிமேல் வாகட் என்ற வார்த்தையையே எடுக்க மாட்டான். முடியாமல் போனால் டீச்சர் வீட்டைப் பூட்டிவிட்டு அவனோடு கிளம்பிவிட வேண்டும்.

"தசரா என்னல தசரா, கிறிஸ்துமஸ் வரைக்கும் வச்சுக்க" என்றார் டீச்சர். ஜெபா தசராவே போதும் என்றான்.

அடுத்து என் பக்கம் திரும்பினான். "அண்ணே, நீங்கதான் அம்பயர். பத்திரிகையில பொய்யா எழுதுவீங்க, ஆனா நேர்ல பொய் சொல்ல மாட்டீங்க." இதைவிட நல்ல சான்றிதழ் எனக்கு இதுவரை கிடைத்ததில்லை. டீச்சர் என் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திணித்தார். பந்தய விதிகளை அதில் எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கினேன்.

ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். மனசுக்குள் நான் ஜெபா கட்சி. மழை பிடித்த இரண்டாவது வாரம், குடையில்லாமல் மொட்டை மாடியில் நின்று சோலார் பலகைகளைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்த டீச்சரைப் பார்த்தேன். கால் வழுக்கினால் கீழே பிடிக்க ஆள் கிடையாது. இந்தப் பந்தயத்தில் இவர் தோற்றுப் போனால் நல்லது என்று அன்றைக்கே நினைத்தேன்.

தோற்கும் வேளையும் சீக்கிரமே வந்தது. ஜூலையில் தொடர்ந்து ஒன்பது நாள் சூரியன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தோட்டம் மழையில் மட்டையாகப் படுத்துவிட்டது, முருங்கை இலை உதிர்த்துவிட்டது, சேம்பு மட்டும் நிமிர்ந்து நின்றது. பேட்டரி இரண்டும் செத்தன. ஃப்ரீசர் பெட்டியைச் சுற்றி டீச்சர் கம்பளியைப் போர்த்தினார், அதன் மேல் மறைந்த கணவரின் ஃபேக்டரி ரெயின்கோட்டையும் போர்த்தினார். ஒன்பதாம் நாள் காலை பெட்டிக்கு அடியில் தண்ணீர் கசிந்தது.

சாந்தி பொறுக்காமல், எங்கள் வீட்டிலிருந்து நீளமான ஒயரை இழுத்துக்கொண்டு காம்பவுண்டுச் சுவர் வரைக்கும் போய்விட்டாள். "டீச்சர், நீங்க கேக்கல. நானா தர்றேன். ரெண்டே நாளைக்கு."

"சாந்தி, அந்த ஒயரு உள்ள வந்துச்சுன்னா நான் வெளிய போணும். சுருட்டி எடுத்துட்டுப் போ."

"எல்லாம் கெட்டுப் போயிடுமே."

"கெட்டுப் போறதுக்கு முந்தி வயித்துக்குப் போட்டும்."

சொல்லிவிட்டுப் பெட்டியின் மூடியைத் திறந்தார். அதைப் பத்து விநாடிக்கு மேல் திறந்து பார்த்தது அன்றைக்குத்தான். ஐந்தாம் வகுப்பிலிருந்து ஏழு 'பி' வரைக்கும் வரிசையாக அட்டெண்டன்ஸ் எடுத்தார். அப்புறம் நீளமாக ஒரு விசில் அடித்துப் பள்ளிக்கூடத்தை விட்டார்.

தகரக் கொட்டகைக்கு அடியில் மூன்று செங்கல்லை வைத்து, காய்ந்த மாங்கிளையைப் போட்டு, அன்றும் மறுநாளும் சமைத்தார். அவரைக்காய்க் கூட்டு, பூசணிக்காய்ப் புளிக்குழம்பு, கீரைக் கடைசல், பெரிய அண்டா நிறைய மாம்பழக் கூழ். கொட்டுகிற மழையில் தெரு முழுக்க மாம்பழ வாசனை. வீட்டுக்கு வீடு டப்பாவில் போட்டுக் கொடுத்தார். அந்த டப்பாக்கள் தனிக் கதை. பள்ளி விளையாட்டு விழாக்களில் யாரும் வந்து வாங்காமல் மிஞ்சிய பரிசுகளை, ஓய்வு பெறும் நாளில் டீச்சருக்கே பரிசாகக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் போட்டியின் பெயர் பொறித்திருக்கும். எதிர்வீட்டு மராத்தி அம்மாள் தேஷ்பாண்டே காகுவுக்கு 'நீளம் தாண்டுதல், இரண்டாம் பரிசு' போனது. சேதி கேட்டு வாகட்டிலிருந்து ஓடி வந்த ஜெபா கையில் 'கயிறு இழுத்தல், முதல் பரிசு' கிடைத்தது. எங்களுக்கு 'சாக்கு ஓட்டம், ஆறுதல் பரிசு'.

மறுநாளிலிருந்து டீச்சருக்குச் சோறும் சேம்பிலைக் குழம்பும்தான். தசராவுக்கு இன்னும் இரண்டரை மாதம் இருந்தது. "எப்படி டீச்சர்?" என்று கேட்டேன். "சேம்பு தின்னு எவனும் செத்ததில்ல. நோட்டுல எழுதிக்க" என்றார்.

நாலாவது நாள் தேஷ்பாண்டே காகு, நீளம் தாண்டுதல் டப்பாவோடு வந்தார். உள்ளே பாஜணி மாவு, அவர்கள் வீட்டில் தாலிப்பீட் என்ற அடை தட்டுவதற்கு வறுத்து அரைத்தது, அழுத்தி அடைத்திருந்தது. டீச்சர் இடுப்பில் கை வைத்தார்.

"காகு, நான் ஒண்ணும் கேக்கலையே. எதுக்கு இது?"

காகு திகைத்துப் போனார். "டீச்சர், ரிகாமா டபா கஸா தேணார்?" என்றார். வெறும் டப்பாவை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று அர்த்தம். பந்தயம், அம்பயர் எதுவும் அவருக்குத் தெரியாது. அவருடைய அம்மா காலியாகக் கொடுத்ததில்லை, அவரும் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அதற்கப்புறம் டப்பாக்கள் வரிசையாக வீடு திரும்பின. உயரம் தாண்டுதலில் வேர்க்கடலைச் சட்னிப் பொடி, குண்டு எறிதலில் அப்பளம், எலுமிச்சை ஸ்பூன் ஓட்டத்தில் காய்ந்த வெந்தயக் கீரை. டீச்சரும் சும்மா இருக்கவில்லை. எந்த டப்பா வந்தாலும் மறுநாளே சேம்பிலையோ கறிவேப்பிலையோ நிறைத்துத் திருப்பி அனுப்பினார். அது இன்னொன்றோடு திரும்பி வந்தது. எங்கள் தெருவில் அந்த மழைக்காலம் முழுக்க யாரும் வெறுங்கையோடு நடந்து நான் பார்க்கவில்லை.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு ஜெபா வந்தான். ஃப்ரீசர் மூடிமேல் அடுக்கியிருந்த டப்பாக்களைப் பார்த்ததும் என்னைக் கூப்பிட்டு அனுப்பினான்.

"அண்ணே, இது என்ன? தெருவே சாப்பாடு போடுது. அம்மா தோத்துட்டாங்க. நீங்களே சொல்லுங்க."

டீச்சர் மகன் பக்கம் திரும்பவே இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த வீடு, முருங்கை, பெட்டி எல்லாம் என் நாக்கில் வந்து உட்கார்ந்துவிட்டன. நான் நோட்டைத் திறந்தேன். 'தோற்றார்' என்று சொல்லிவிடலாம். வாகட்டில் கால் வழுக்காது. வாயைத் திறக்கப் போகும்போதுதான் ஜெபாவின் கையில் தொங்கிய பை கண்ணில் பட்டது.

"ஜெபா, பையில என்ன?"

"டப்பாண்ணே. அன்னைக்கு அம்மா கொடுத்தது. திருப்பிக் கொடுக்கலாம்னு எடுத்துட்டு வந்தேன்."

"காலியாவா?"

"இல்ல, ஷீபா அச்சுமுறுக்கு சுட்டுப் போட்டிருக்கா."

"அம்மா கேட்டாங்களா?"

"அவங்க எங்க கேட்டாங்க? வெறும் டப்பாவ எப்படிண்ணே கொடுக்கறது?"

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. கயிறு இழுத்தல் முதல் பரிசைப் பையிலிருந்து எடுத்து, ஃப்ரீசர் மூடிமேல் மற்ற டப்பாக்களோடு வைத்தான். நான் நோட்டை மூடினேன். "அம்மா தோக்கல" என்றேன்.

டீச்சர் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "வாயால சொன்னாச் செல்லாது தம்பி. ஊது."

ஊதினேன். காற்று மட்டும்தான் வந்தது.

"மூச்சே இல்லாதவனையா அம்பயரா வச்ச?" என்று மகனிடம் கேட்டுவிட்டு, விசிலைப் பிடுங்கி அவரே ஊதிக்கொண்டார். அப்புறம் அச்சுமுறுக்கை எடுத்துக் கடித்துப் பார்த்து, "ஷீபாவுக்கு மாவுப் பதம் தெரியுது" என்றார். அந்த வீட்டு மருமகள் கல்யாணமாகி வாங்கிய முதல் பாராட்டு அது.

தசராவும் வந்தது, டீச்சர் தோற்கவில்லை. ஜெபா சொன்ன சொல் மாறவில்லை, வாகட் என்ற பேச்சையே எடுப்பதில்லை. இப்போது மழைக்காலம் வந்தால் சனிக்கிழமைதோறும் வந்து மொட்டை மாடிக்கு ஏறிப் பலகைகளைத் துடைக்கிறான். கீழே நின்று டீச்சர் விசிலடித்து, எந்த மூலை விட்டுப்போனது என்று சொல்கிறார். பெட்டியில் மறுபடி ஏழு 'பி' வரைக்கும் வகுப்பு நிறைந்துவிட்டது.

நாங்கள் வேலை மாறி, புனேவின் மறுகோடியில் இருக்கும் ஹடப்சருக்கு வந்து மூன்று வருஷமாகிறது. சாக்கு ஓட்டத்து ஆறுதல் பரிசு டப்பா இன்னும் எங்கள் சமையலறை அலமாரியில் இருக்கிறது. டீச்சருக்குப் போன் பேசக் கிடைப்பது கால் மணி நேரம். தூத்துக்குடியையும் துபாயையும் தள்ளி வைத்துவிட்டு, அதில் ஒரு நிமிஷம் எனக்கு ஒதுக்குகிறார்.

"தம்பி, என் டப்பா எங்கடே?"

"அடுத்த வாரம் கொண்டு வர்றேன் டீச்சர்."

"மூணு வருசமா இதத்தான சொல்லுத."

சாந்தி நாலைந்து தடவை அதில் தட்டையோ லட்டோ போட்டு நிறைத்து, கொண்டு போகச் சொல்லி என் கையில் கொடுத்தாள். நான் தின்று தீர்த்துவிட்டு, டப்பாவைக் கழுவித் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டேன். அது வீடு திரும்பிவிட்டால் அவர் என்னை எதற்குக் கூப்பிடுவார்? பகல் பன்னிரண்டே காலுக்குள் அந்தப் போன் வராத நாளில் எனக்குச் சோறு இறங்குவதில்லை.